ரோமாபுரியில் மாடி வீட்டின் விலை

நகரத்தில் அடுக்குமாடி வீடொன்று விலைக்கு வருகிறது. உடையவர் ஒரு தொகை சொல்கிறார். அத்தொகை நியாயமானதுதானா என்பதை எவ்வாறு அறிவது? இது நம் காலத்துக் கவலை என்று பலரும் கருதுவர். ஆயினும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ரோமாபுரி மக்கள் இக்கேள்வியோடு போராடியிருக்கின்றனர். அவர்கள் கண்ட விடைகள் சட்ட நூல்களிலும், கட்டடக்கலை நூலிலும், கடிதங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இங்கு எடுத்துக் காட்ட விரும்புகிறேன்.

ரோமாபுரியின் செல்வர்கள் தனி மாளிகைகளில் வாழ்ந்தனர். மற்றவர்களுக்கு வாய்த்தது 'இன்சுலா' எனப்பட்ட அடுக்குமாடிக் கட்டடம். அச்சொல்லுக்குத் தீவு என்பது பொருள். கீழ்த்தளத்தில் கடைகள், அவற்றின்மேல் நான்கு, ஐந்து மாடிகள், ஒவ்வொரு மாடியிலும் ஒண்டுக்குடித்தனங்கள். மாடி உயர உயர வசதி குறையும். உச்சி மாடிக்கு நீரைத் தூக்கிச் செல்லவேண்டும். தீப்பற்றினால் கடைசியாக இறங்க வேண்டியவனும் அங்கே இருப்பவன்தான். கட்டடங்கள் அளவு மீறி உயர்ந்ததனால், அகஸ்டஸ் சக்கரவர்த்தி 70 ரோமானிய அடிக்கு மேல் கட்டலாகாது என்று விதித்தார். பின்னர் டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார்.

இன்றைய நிலைக்கும் அன்றைய நிலைக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிலம் எவனுடையதோ அதன்மேல் நிற்கும் கட்டடமும் அவனுடையதே என்பது ரோமானியச் சட்டத்தின் கொள்கை. ஆகவே, மூன்றாம் மாடியை மட்டும் ஒருவன் விலைக்கு வாங்க இயலாது. வாங்கினால் முழுக் கட்டடத்தையும் வாங்க வேண்டும். இல்லையேல் வாடகைக்கு இருக்க வேண்டும். எனவே, வாங்குவோன் கண்முன் முதலில் நின்றது குடிக்கூலிக் கணக்கே.

அந்தக் கணக்கிலும் ஒரு கண்ணி இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஆல்ஃபெனஸ் என்னும் சட்ட அறிஞர் ஒரு வழக்கை ஆராய்கிறார். ஒருவன் ஒரு கட்டடம் முழுவதையும் 30 என்னும் தொகைக்குக் குத்தகை எடுத்து, அறைகளைத் தனித்தனியே உள்வாடகைக்கு விட்டு 40 திரட்டுகிறான். இடிந்து விழும் நிலையில் இருக்கிறதென்று சொல்லி, உடையவன் கட்டடத்தை இடித்துவிடுகிறான். குத்தகைக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை எந்தத் தொகையைக் கொண்டு கணக்கிடுவது? இடிக்க வேண்டிய கட்டாயம் உண்மையாகவே இருந்திருந்தால் 30 என்ற கணக்கின்படி கழிக்க வேண்டும். இன்னும் நல்ல கட்டடம் எழுப்பும் ஆசையால் இடித்திருந்தால் குத்தகைக்காரனின் இழப்பு முழுவதையும் ஈடுசெய்ய வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. வழக்கு இழப்பீட்டைப் பற்றியதுதான். ஆயினும் விலை பேச வருபவனுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரே கட்டடம் குடியிருப்போர் கையிலிருந்து 40 பெறுகிறது. உடையவன் கைக்கு 30 மட்டுமே சேர்கிறது. விற்பவன் எந்த எண்ணைச் சொல்லி விலையை ஏற்றுவான் என்பதை நான் கூறத் தேவையில்லை.

அடுத்தது கட்டடத்தின் வயது. இங்கே நமக்குத் துணை வருபவர், அகஸ்டஸ் காலத்தில் கட்டடக்கலை பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூல் எழுதிய விட்ருவியஸ். இரு வீடுகளுக்கு இடைப்பட்ட பொதுச்சுவரை மதிப்பிடும் நடுவர்கள் கையாண்ட முறையொன்றை அவர் குறித்து வைத்திருக்கிறார். பார்வைக்கு அழகாக மென்கல் பதித்துக் கட்டிய சுவர் 80 ஆண்டுகளுக்கு மேல் நிற்காது என்பது அவர்கள் முடிவு. ஆகையால், சுவர் கட்ட ஆன செலவைக் கணக்கேடுகளிலிருந்து எடுத்து, கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 80இல் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, எஞ்சியதையே மதிப்பாகக் கொண்டனர். 8,000 நாணயம் செலவிட்டுக் கட்டிய சுவர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 100 கழியும். 20 ஆண்டு ஆன சுவருக்கு 6,000. 60 ஆண்டு ஆனதற்கு 2,000. தேய்மானம் என்று இன்று கணக்கர்கள் சொல்வது இதுவன்றி வேறென்ன?

இன்னும் சுவையான செய்தி இதனை அடுத்து வருகிறது. செங்கற்சுவருக்கு இந்தக் கழிவு கிடையாது. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும்போது சுவர் நேராக நின்றால், கட்டிய நாளில் ஆன செலவே அதன் மதிப்பு. வயதை மட்டும் கேட்டு விலையைக் குறைப்பதும் தவறு. புதுமையை மட்டும் கண்டு ஏற்றுவதும் தவறு. எதனால் கட்டியது, இப்போது எப்படி நிற்கிறது என்பனவே கேள்விகள். மரச்சட்டத்தில் மிலாறு பின்னி மண்பூசிய சுவர்களைப் பற்றி விட்ருவியஸ் மிகக் கசந்து பேசுகிறார். விரைவில் எழுப்பலாம், இடமும் மிச்சம். ஆனால் தீவட்டியைப் போல் எரியும் என்பது அவர் கருத்து. விலை குறைந்த வீடுகளில் பெரிதும் இருந்தது இத்தகைய சுவரே.

தீயைப் பற்றிய அச்சம் விலையில் புகுந்து நின்றதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆலஸ் கெல்லியஸ் அதைக் கூறுகிறார். தம் ஆசிரியரோடு சிலர் சிஸ்பியன் குன்றின்மேல் ஏறிச் செல்கையில், பல மாடிகள் கொண்ட கட்டடம் ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. அண்டை வீடுகளிலும் தீ பரவிவிட்டது. உடன் வந்த ஒருவர், நகரத்துக் கட்டடங்களின் வருவாய் பெரிதுதான், ஆனால் ஆபத்து அதனினும் பெரிது என்கிறார். தீக்கு மட்டும் ஒரு மாற்று இருந்தால், நாட்டுப்புறத்து நிலங்களை விற்றுவிட்டு நகரத்தில் வாங்கியிருப்பாராம். வருவாயையும் ஆபத்தையும் ஒரே தராசில் வைத்த பேச்சு இது. இத்தனைக்கும் கி.பி. 6இலேயே தீக்காவல் படை ஒன்றை அகஸ்டஸ் அமைத்திருந்தார்.

இதே தீயை வைத்துச் செல்வம் சேர்த்தவன் கிராசஸ். எரியும் வீடுகளையும் அவற்றுக்கு அடுத்த வீடுகளையும் அவன் விலைக்குக் கேட்பான். உடையவர்கள் அச்சத்தால் அற்பத் தொகைக்குக் கொடுத்துவிடுவர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கட்டடத் தொழில் தெரிந்த 500க்கு மேற்பட்ட அடிமைகள் அவனிடம் இருந்தனர். (அவனுடைய தீயணைப்புப் படை விலை முடியும் வரை கைகட்டி நின்றது என்று பலர் சொல்லும் கதை புளூட்டார்க்கின் நூலில் இல்லை.) அவ்வாறு நடந்த விற்பனைகளை எடுத்துக் காட்டி, இத்தெருவில் வீட்டின் விலை இவ்வளவுதான் என்று ஒருவன் சொன்னால், அது கணக்காகுமா? பக்கத்து வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்பவன், அது எந்த நெருக்கடியில் போயிற்று என்றும் கேட்டாக வேண்டும்.

வருவாய், வயது, ஆபத்து ஆகிய இவற்றையெல்லாம் வாங்குவோன் தானே கண்டறிய முடியும். விற்பவன் மட்டுமே அறிந்த குறையை அவன் எங்ஙனம் கண்டறிவான்? சீலியன் குன்றின்மேல் கிளாடியஸ் சென்டுமாலஸ் என்பவனுக்கு ஒரு கட்டடம் இருந்தது. கோட்டை மேட்டில் நின்று பறவைகளைக் கொண்டு சகுனம் பார்க்கும் குருமாருக்கு அதன் உயரம் பார்வையை மறைத்தது. மறைக்கும் பகுதியை இடித்துவிடுமாறு அவர்கள் ஆணையிட்டனர். ஆணையைப் பெற்ற கிளாடியஸ் கட்டடத்தை விலைக்கு விட்டான். கல்பூர்னியஸ் லனாரியஸ் என்பவன் வாங்கினான். குருமார் அதே ஆணையை அவனுக்கும் விடுத்தனர். அவனும் இடித்தான். பிறகுதான், ஆணை வந்த பின்னரே கட்டடம் விலைக்கு வந்தது என்னும் உண்மை அவனுக்குத் தெரிந்தது. அவன் வழக்குத் தொடுத்தான்.

தீர்ப்பளித்தவர் மார்க்கஸ் கேட்டோ. ஜூலியஸ் சீசரை எதிர்த்து நின்ற கேட்டோவின் தந்தை. விற்பவன் குறையை அறிந்திருந்தும் சொல்லாமல் விற்றான். ஆதலால் வாங்கியவனின் நட்டத்தை அவனே ஈடுசெய்ய வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் சிசரோ இவ்வழக்கை எடுத்துரைக்கிறார். அந்நூலிலேயே, பாம்பு குடியிருக்கும் அறைகளும் உளுத்த மரங்களும் உள்ள வீட்டை விற்பவன் வாய்திறக்க வேண்டுமா என்று ஸ்டாயிக் அறிஞர் இருவர் செய்த வாதமும் இடம் பெறுகிறது. உன்னை வாங்கச் சொல்லி எவனாவது கட்டாயப்படுத்தினானா என்று கேட்கிறார் ஒருவர். சொல்லாமல் விடுவது வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவது போன்றது என்கிறார் மற்றவர். சிசரோ இரண்டாமவர் பக்கம் நிற்கிறார். அதே ஆண்டில் பூட்டியோலி நகரில் அவருடைய கடைகள் இரண்டு இடிந்து விழுந்தன. மற்றவையும் விரிசல் கண்டன. குடியிருந்தோர் மட்டுமல்ல, எலிகளும் வெளியேறிவிட்டன என்று நண்பருக்கு நகைச்சுவையோடு எழுதினார்.

கேட்டோவின் தீர்ப்பு மௌனத்தைத் தண்டித்ததேயன்றி, விலை இவ்வளவு இருக்க வேண்டும் என்று வரையறுக்கவில்லை. விலை பேசும்போது ஒருவரையொருவர் விஞ்ச முயல்வது இயல்பு என்றே ரோமானியச் சட்ட அறிஞர்கள் கருதினர். நியாய விலை என்பதற்குச் சட்டத்தில் ஓர் எல்லை கிடைத்தது மிகவும் பிற்காலத்தில்தான். டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி 285இலும் 293இலும் விடுத்த மறுமொழிகள் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன. நிலத்தை நியாய விலையில் பாதிக்கும் குறைவாக விற்றவன், வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்து நிலத்தை மீட்கலாம். வாங்கினவன் விரும்பினால் குறைந்த தொகையைக் கட்டி நிலத்தை வைத்துக்கொள்ளலாம். இவை பின்னாளில் திருத்தப்பட்டவையோ என்ற ஐயம் ஆராய்ச்சியாளரிடையே உண்டு. எப்படியாயினும், அவ்விதி காத்தது விற்றவனை மட்டுமே. இரட்டிப்பு விலை கொடுத்து ஏமாந்து நின்றவனுக்கும் அதே உரிமை உண்டு என்று இடைக்கால இத்தாலியச் சட்ட ஆசிரியர்கள் விளக்கம் கூறுவதற்குப் பல நூற்றாண்டுகள் கழிய வேண்டியிருந்தது.