தூளியும் துயிலும்

தாலாட்டைப் பற்றி நம்மவர் எழுதியவற்றில், குழந்தையின் நித்திரைக்குக் கிடைத்த ஸ்தானம் தாயின் நித்திரைக்குக் கிடைக்கவில்லை. 1985 வரை இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டினார். குலசேகராழ்வார் இராமனைத் தாலாட்டினார். இவ்விரண்டையும் பிள்ளைத்தமிழின் தாலப் பருவத்தையும் வாயாரச் சிலாகிக்கும் ரசிகர்கள், பாட்டு ஓய்ந்த பிறகும் விழித்திருந்தவள் யார் என்று விசாரிப்பதில்லை. பாடிய இருவரும் ஆண்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

தலைப்பிரசவம் தாய்வீட்டார் பொறுப்பு என்பது இராமநாதபுரம் சீமையின் சம்பிரதாயம். ஜாமத்துக்கு ஒருமுறை சிசு விழித்தழ, பாட்டி பழம்புடைவைத் தூளியை ஆட்டுவாள். ஜாதிக்காயையும் கடுக்காயையும் சுட்ட வசம்பையும் (இரவில் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள்) உரைகல்லில் இழைத்து நாவில் தடவுவாள். பெற்றவள் சற்றே கண்ணயர்வாள். சங்கடம் இரண்டாம் பிள்ளையோடு வருகிறது. அப்போது அவள் பெரும்பாலும் புருஷன் வீட்டில் இருப்பாள். நடை பழகிய மூத்தது மடியை விட்டிறங்காமல் அடம்பிடிக்கும். அதைத் தட்டித் தூங்கவைக்கும் நேரம் பார்த்துத் தூளியிலிருப்பது வீரிடும்.

இதற்கு இச்சீமையின் கடற்கரையிலேயே ஒரு பரிகாரம் இருந்தது. கீழக்கரை மரைக்காயர் குடும்பங்களில் மணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். வீடும் பெண்மக்களுக்கே சேர்வது வழக்கம். முத்தும் சங்கும் வாணிபமுமாக ஆண்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போன காலத்தில், பெண்கள் துணையின்றித் தவிக்காதிருக்கவே இவ்வழக்கம் வேரூன்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். காரணம் எதுவாயினும், அதன் பலனை நள்ளிரவில் அனுபவித்தவள் இரண்டாவது பிள்ளையைப் பெற்ற தாய்: உம்மா ஒரு பிள்ளையையும் சகோதரி ஒரு பிள்ளையையும் தூக்கிக்கொள்ள, அவள் தலையைச் சாய்த்தாள். தாலாட்டு இலக்கியம் அனைத்தையும்விட இந்தக் குடும்ப ஏற்பாடே தாய்க்கு அதிக நித்திரை தந்தது என்பேன்.

இராமேசுவரத்து மீனவர் குடியிருப்பில் நிலைமை வேறு. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் இவர்கள். ஆனால் வலைக்குப் போனவன் விடிந்து திரும்பும்வரை வீட்டு இரவைப் பங்கிட்டுக்கொள்ள ஆளில்லை. பாம்பனையடுத்த சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் குடும்பங்களிலோ, பெற்றவளும் மறுநாள் கடலில் மூழ்கவேண்டும். தூளியாட்ட வேண்டிய பாட்டியும் பல வீடுகளில் பாசிக்குப் போகிறவளே.