ஐந்து டொலரும் ஒரு குருவானவரும்

தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஆட்களைச் சேர்த்தல், சம்பளத்தை வகுத்தல், வேலையினின்றும் விலக்குதல் முதலிய கருமங்களைக் கவனிக்கும் பகுதியினை ஒரு காலத்தில் ஆளணிப் பகுதி என்றனர். இன்று அது மனிதவளப் பகுதி எனப்படுகின்றது. நிலவளம், நீர்வளம், கனிவளம் என்று சொல்லி வந்த நாம் மனிதனையும் அவ்வரிசையிற் சேர்த்துவிட்டோம். வளம் என்பது பயன்கொள்வான் ஒருவனை எப்பொழுதும் வேண்டி நிற்கும் சொல். நிலத்தின் வளத்தை உண்பது நிலம் அன்று.

நம்மிடம் கற்றுச் சென்ற மாணவர் பலர் இப்பொழுது இத்துறையிற் பட்டமும் சான்றிதழும் பெற்று உத்தியோகம் பார்க்கின்றனர். அவர்கள் கைகளில் உள்ள பாடநூல்களைப் புரட்டினால் 'சவால்கள்' என்றொரு அத்தியாயம் தவறாது தென்படும். சேர்ந்தவர் நிலைத்து நிற்பதில்லை. வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை. பல மொழியினரும் பல மதத்தினரும் ஒரு கூரையின் கீழ் வேலை செய்கின்றனர். ஊழியரின் சொந்த வாழ்வில் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பது தெளிவில்லை. ஆட்குறைப்பு வரும்போது மனம் நோகாமல் எவ்வாறு வெளியேற்றுவது என்பது தெரியவில்லை. இவை யாவும் புதிய நூற்றாண்டு பெற்றெடுத்த புதுமைகள் போன்று அந்நூல்கள் பேசும். உண்மையில் 1913 முதல் 1921 வரையுள்ள எட்டு ஆண்டுகளில், ஒரே தொழிற்சாலையில், இவை அனைத்தும் தோன்றித் தம் விடையையும் கண்டுகொண்டன. அவ்வரலாற்றை நாம் சிறிது விரிவாக நோக்குவோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெற்றோயிற் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி போர்ட்டின் மோட்டார்த் தொழிற்சாலை 1910 இல் இயங்கத் தொடங்கியது. 1913 ஒக்டோபரில் அங்கே ஒரு மாற்றம் புகுந்தது. அதுவரை தொழிலாளி வண்டியைச் சுற்றி நடந்து பாகங்களைப் பொருத்தினான். இனி வண்டியின் அடிச்சட்டம் அவன் முன்னே நகர்ந்து வரும். அவன் நின்ற இடத்தில் நின்று ஒரே ஆணியை நாள் முழுவதும் முறுக்க வேண்டும். பன்னிரண்டரை மணி நேரம் கொண்ட அடிச்சட்டப் பொருத்துவேலை அடுத்த ஆண்டிலேயே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. உற்பத்தி பெருகிற்று, மனிதன் நிற்கவில்லை. 1913 இல் அத்தொழிற்சாலையின் ஆள்மாறுதல் வீதம் நூற்றுக்கு 370 ஆகும். சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்காக அவ்வாண்டில் 50,000 பேருக்கு மேற் சேர்க்க வேண்டியிருந்தது. எந்த நாளிலும் பத்தில் ஒருவர் வேலைக்கு வரவில்லை. சங்கம் அமைக்க இயலாத தொழிலாளி தன் கால்களாலேயே தீர்ப்பளித்தான் என்று நாம் கொள்ளலாம்.

நிருவாகத்தின் பணிப்பின்படி இந்நிலையை ஆராய்ந்தவர் ஜோன் லீ என்பவர். போமன் எனப்படும் மேற்பார்வையாளனின் எல்லையற்ற அதிகாரமே நோயின் ஒரு கூறு என்று அவர் கண்டார். ஆளைச் சேர்ப்பவனும் அவனே; கூலி உயர்வு தருபவனும் அவனே; முகம் பிடிக்காவிடில் அக்கணமே விரட்டுபவனும் அவனே.

இம்மனிதன் நமக்கு அந்நியன் அல்லன். அதே காலத்தில் நமது மலைநாட்டுத் தோட்டங்களிற் பெரிய கங்காணி இருந்தான். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து உற்றாரையும் ஊராரையும் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவன் அவன். வேலைக்கு வந்த ஆள் தலைக்கு இவ்வளவென்று நாள்தோறும் அவனுக்குப் பணம் கிடைத்தது. தொழிலாளியின் கடன் தீராமல் அவனை வேறு தோட்டம் ஏற்காதபடி 'துண்டு' என்ற கடதாசி காவல் காத்தது. ஆட்சேர்ப்பு, ஒழுங்கு, கடன், வழக்குத் தீர்த்தல் ஆகிய யாவும் ஒருவன் கையில் இருந்தன. இன்றைய மனிதவள அதிகாரிக்கு முன்னோர் யாரென்று வினவினால், கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தவர்களை மட்டும் நாம் காட்டுவது நேர்மையாகாது.

லீ மேற்பார்வையாளனிடமிருந்து வேலைநீக்கும் உரிமையைப் பறித்தார். ஓரிடத்தில் வேண்டாம் என்று தள்ளப்பட்டவனை வேறு பகுதியில் வைத்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். திறமைக்கேற்ற கூலிப் படிகளை வகுத்தார். இவை நல்ல சீர்திருத்தங்களே. அவற்றைத் தொடர்ந்து வந்ததுதான் உலகெங்கும் பேசப்பட்ட அறிவிப்பு. 1914 சனவரி 5 ஆம் நாள், ஒன்பது மணி நேர வேலைக்கு 2.34 டொலர் கொடுத்து வந்த கொம்பனி, இனி எட்டு மணி நேரத்துக்கு 5 டொலர் கொடுக்கப்போவதாகக் கூறியது. மறுநாள் விடியுமுன்னே ஆயிரக்கணக்கானோர் பனியில் வாயிலை மொய்த்தனர். ஒரு வாரமாகியும் கலையாத அக்கூட்டத்தின் மீது, உறையும் குளிரில், தீயணைப்புக் குழாய்கள் கொண்டு தண்ணீர் பாய்ச்சினர். அதே மாதத்தில், தங்கள் பழைய நாட்காட்டியின்படி நத்தார் கொண்டாட விடுப்பெடுத்த கிரேக்க, ருஷ்யத் தொழிலாளர் எண்ணூறு பேருக்கு மேல் வேலையிழந்தனர். அமெரிக்காவில் வாழ்வோர் அமெரிக்கப் பெருநாளையே கொண்டாட வேண்டும் என்பது கொம்பனியின் வாதம். பன்மைப் பண்பாட்டைப் போற்றுதல் பற்றி இன்றைய பாடநூல்கள் எழுதும் இனிய பக்கங்களுக்குப் பின்னால் இந்த எண்ணூறு பேரும் நிற்கின்றனர்.

ஐந்து டொலரின் உள்ளமைப்பை நாம் கவனித்தல் வேண்டும். அது முழுவதும் கூலி அன்று. 2.34 டொலரே கூலி, எஞ்சிய 2.66 டொலர் 'இலாபப் பங்கு' எனப்பட்டது. கூலி உழைப்புக்கு உரியது. இலாபப் பங்கோ ஒழுக்கத்துக்கு உரியது. மணமானவன் குடும்பத்தோடு வாழ்ந்து அதனைப் பேண வேண்டும். மணமாகாதவன் இருபத்திரண்டு வயதைக் கடந்து சிக்கன வாழ்வினனாய் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயதினன் தன்னை நம்பியுள்ள உறவினரைத் தாங்குபவனாக இருத்தல் வேண்டும். பெண் தொழிலாளர் தொடக்கத்தில் இப்பங்குக்கு உரியவராகவே எண்ணப்படவில்லை.

ஒழுக்கத்தை அளப்பதற்கு ஒரு கருவி வேண்டுமல்லவா? அதுவே சமூகவியல் பகுதி. விசாரணையாளர் தொழிலாளியின் வீட்டுக்கே சென்றனர். மொழி தெரியாத வீடுகளுக்கு மொழிபெயர்ப்பாளரையும் உடன் கொண்டு சென்றனர். விவாகப் பத்திரத்தைப் பார்த்தனர், வங்கிப் புத்தகத்தைப் பார்த்தனர், குடிப்பழக்கம், கடன், மதம், வீட்டின் துப்புரவு என்பன பற்றி வினவினர், அயலாரிடமும் கேட்டறிந்தனர். கூலி போதாமையால் வீட்டில் வேற்றாருக்கு இடம் கொடுத்துச் சிறு வருவாய் தேடும் வழக்கம் குடியேறிய தொழிலாளரிடையே பரவலாக இருந்தது, அதுவும் குற்றமாயிற்று. குறைகாணப்பட்டவனின் இலாபப் பங்கு நிறுத்தப்பட்டது. ஆறு மாதத்துக்குள் திருந்தாவிடில் வேலையும் போயிற்று.

1914 இல் அத்தொழிலாளரில் நூற்றுக்கு 71 பேர் பிறநாட்டிற் பிறந்தவர்கள், இருபத்திரண்டு தேசத்தவர். அவர்களுக்கென ஆங்கிலப் பாடசாலை ஒன்று தொடங்கப்பெற்றது. மொழி கற்பித்தலை நாம் குறைகூறோம். ஆசிரியராகிய நாம் கூறவும் கூடாது. ஆயினும் அப்பாடசாலையின் பட்டமளிப்பு விழாவை எண்ணும்போது மனம் சுருங்குகின்றது. மேடையில் ஒரு மாபெரும் உருக்குக் கலம். சொந்த நாட்டு உடைகளோடு ஒருபுறம் அதனுள் இறங்கிய மாணவர், மறுபுறம் அமெரிக்க உடையுடன், கையிற் கொடியோடு வெளிவந்தனர்.

நன்மைகள் விளையவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆள்மாறுதல் வீதம் 1914 இல் நூற்றுக்கு 54 ஆகவும் 1915 இல் 16 ஆகவும் இறங்கிற்று. அங்கவீனரும் சிறை மீண்டோரும் பிற இடங்களிற் பெறாத வேலையை அங்கே பெற்றனர். பட்டினி கிடந்த குடும்பங்கள் பல உண்டு உடுத்தன. இதனை மறைத்து எழுதுவது முற்போக்கு ஆகாது. கொம்பனியின் கணக்குப் புத்தகமும் தொழிலாளியின் அடுப்பும் ஒரே திசையிற் சென்ற சில ஆண்டுகள் அவை.

அவ்வாண்டுகளின் நடுவில், 1915 இன் இறுதியில், சமூகவியல் பகுதிக்குத் தலைமை ஏற்க வந்தவர் சாமுவேல் மார்க்குவிஸ். டெற்றோயிற் பேராலயத்தின் தலைமைக் குருவானவர். போர்ட் குடும்பத்தாரின் நண்பர். பாதுகாப்பான பதவியை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்த அவரது உள்ளத்தூய்மையை ஐயுற நமக்குக் காரணம் இல்லை. பகுதியின் பெயரைக் கல்விப் பகுதி என்று மாற்றினார். விசாரணையாளர் இனி ஆலோசகர் எனப்பட வேண்டும் என்றார். துருவி ஆராய்வதைக் குறைத்தார். மேற்பார்வையாளர் தகாத முறையில் வெளியேற்றிய தொழிலாளருக்காகப் பரிந்து பேசினார். கெடுபிடியான இயந்திரம் ஒன்றினுள் ஒரு நல்ல மனிதன் எவ்வளவு செய்யலாமோ அவ்வளவும் செய்தார் என்றே தோன்றுகின்றது.

ஆனால் உலகம் மாறிக்கொண்டிருந்தது. முதலாம் உலக யுத்தத்தினால் விலைவாசி ஏறிற்று. 1914 இல் ஐந்து டொலர் வாங்கியதில் ஏறக்குறையப் பாதியையே 1920 இல் அது வாங்கிற்று. 1919 இற் கொடுக்கப்பட்ட ஆறு டொலர் அக்குறையை நிரப்பவில்லை. கூலி சாதாரணக் கூலியாகிவிட்ட பின் ஒழுக்கத்துக்கு விலை கொடுக்கும் தேவையும் கொம்பனிக்கு இல்லாது போயிற்று. 1920 இன் முடிவில் மந்தம் வந்தது. கொம்பனியைக் கடன் நெருக்கியது. தொழிற்சாலை மூடப்பட்டுச் சில வாரங்களின் பின் குறைந்த ஆட்களோடும் கூடிய வேகத்தோடும் திறக்கப்பட்டது. கணக்குப் புத்தகமும் அடுப்பும் வழி பிரிந்தன. ஆட்களை நடத்திய விதம் பற்றி மார்க்குவிஸ் உற்பத்திப் பகுதித் தலைவர்களோடு முரண்பட்டார். போர்ட் அவர் பக்கம் நிற்கவில்லை. 1921 இன் தொடக்கத்தில் அவர் பதவி துறந்தார். அவருடைய பகுதியும் அவ்வாண்டிலேயே மறைந்தது. அதே 1921 இல் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டமை வெறும் காலப் பொருத்தமே. எனினும் ஒரு வேற்றுமை நோக்கத்தக்கது. இங்கே ஒழிந்தது ஓர் அடிமைச் சீட்டு. அங்கே ஒழிந்தது, குறைகள் பலவாயினும், தொழிலாளிக்காக ஒரு சொல் சொல்லக்கூடிய மேசை.

அம்மேசையில் அடுத்து அமர்ந்தவர் யார்? ஹரி பெனற் என்னும் முன்னாட் கடற்படைக் குத்துச்சண்டை வீரர். அவர் ஆண்ட பகுதியின் பெயர் சேவைப் பகுதி! பெயர்களை நம்பாதிருக்க இதனினும் வேறு சான்று வேண்டுமோ? சண்டியரும் ஒற்றரும் அதன் ஊழியர். 1932 மார்ச்சு 7 ஆம் நாள் வேலை கேட்டு டியர்போர்ன் தொழிற்சாலையை நோக்கி நடந்த பட்டினி ஊர்வலத்தின் மீது பொலிசாரும் கொம்பனிக் காவலரும் சுட்டதில் நால்வர் அன்றே இறந்தனர். ஐந்தாமவர் பின்னர் இறந்தார். 1937 மே 26 இல் துண்டுப்பிரசுரம் வழங்க வந்த வோல்டர் ரூதர் முதலிய சங்கத்தினரைச் சேவைப் பகுதியினர் மேம்பாலத்தின் மீது அடித்து நொறுக்கிய காட்சி, புகைப்படமாக நாடெங்கும் சென்றது. மார்க்குவிஸ் கவனித்த அதே கருமங்களுக்கு, அதாவது தொழிலாளர் விவகாரங்களுக்கு, இப்பொழுது பெனற்றே பொறுப்பாளர். குருவானவர் இருந்த இடத்திற் குத்துச்சண்டை வீரர் வந்தமை போர்ட்டின் குணமாற்றத்தால் மட்டும் விளைந்ததென்று சிலர் எழுதுவர். அந்த ஆசனத்துக்குச் சொந்தமாகக் கால்கள் இல்லை என்பதே நமது கருத்து. முதலாளியின் தேவை எதுவோ அதுவே அதற்குக் கால்.

அதற்கு முதன்முதலாகக் கால் கிடைத்தது 1941 இல். அவ்வாண்டு ஏப்ரிலில் றூஜ் தொழிற்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மே மாதத்தில் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு எழுபது அளவினர் ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தை ஆதரித்தனர். யூன் 20 இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒருவனை விலக்கினால் காரணம் கேட்க அமைப்பு ஒன்று உண்டு என்னும் நிலை பிறந்தது. பெனற் தாமே 1945 இல் வெளியேற்றப்பட்டார்.

நம் மாணவ நண்பர்களை நாம் இகழவில்லை. இலக்கணம் கற்பித்துச் சம்பளம் வாங்கும் நாமும் மேலிடத்துச் சுற்றறிக்கைகளைக் கீழே படித்துக் காட்டுவோர்தாமே. அவர்கள் படும் இடர் நமக்குத் தெரியும். காலையில் ஊழியரின் குறை கேட்டு, மாலையில் அதே ஊழியரின் பெயரை விலக்குவோர் பட்டியலில் எழுதுகின்றவன் உறங்குவது எளிதன்று. வீட்டுக்குச் சென்று வங்கிப் புத்தகத்தைப் பார்க்கும் வேலையை இன்று கணனி செய்கின்றது. ஊழியன் எத்தனை நிமிடம் இருக்கையில் இருந்தான் என்பதையும் அது சொல்லுகின்றது. மனநிலைப் பயிற்சி, உரையாடற் கலை முதலியவற்றால் இவ்விடர் தீரும் என்று பயிற்சி வகுப்புகள் கூறுகின்றன. மார்க்குவிஸுக்கு உரையாடற் கலை தெரியாதா? ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்தவர் அவர்.

நமது நாட்டில் 1971 இல் இயற்றப்பட்ட 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வைத்திருக்கும் தொழில்கொள்வோர், ஒழுக்காற்றுக் காரணம் இன்றி ஒருவரை விலக்குவதாயின் அவரது எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ பெறல் வேண்டும். முதலீட்டுக்கு இது தடை என்று இதனைப் பழிக்கும் குரல் பலமுறை எழுந்துள்ளது. அக்குரலோடு சேர்ந்து கொள்ளும் மனிதவள அதிகாரிகளும் உளர். தம் முதலாளியிடம் சென்று, 'ஐயா, இதனைச் செய்ய இயலாது' என்று அவர்கள் சொல்லத்தக்க நாட்கள் சில இருந்திருப்பின், அந்நாட்களில் அவர்கள் பின்னால் நின்றது இச்சட்டமும், வாயிலில் ஒரு தொழிற்சங்கமும் ஆகும். மார்க்குவிஸின் பின்னால் அத்தகைய சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. ஹென்றி போர்ட்டின் நட்பு ஒன்றே அவருக்கு இருந்தது.