வழியில் தொலைந்த பிழைச்செய்தி

இணையத்தில் பணம் கட்டியவர்கள் எல்லோரும் அந்த வாசகத்தைப் பார்த்திருப்பார்கள். பட்டனை ஒரு முறை மட்டும் அழுத்தவும், ரிஃப்ரெஷ் செய்ய வேண்டாம், பேக் பட்டனைத் தொட வேண்டாம். கடைக்குள் வந்தவரிடம் "கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், எதையாவது தொட்டால் இரண்டு பில் விழுந்துவிடும்" என்று சொல்வது போன்ற அறிவிப்பு அது. வாங்க வந்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை. படிவத்தை அனுப்பிய பிறகு உலாவி எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை இணையத்தைக் கட்டியவர்கள் முதலில் யோசிக்கவில்லை. பிறகு யோசித்து ஒரு மருந்து கண்டார்கள். அந்த மருந்தின் பக்கவிளைவால், "பின்கோடில் ஓர் எண் குறைகிறது" என்ற ஒற்றை வரியைப் பயனரிடம் கொண்டுசேர்ப்பதே பெரிய வேலையாகிப்போனது.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் வகுத்த முதல் எச்டிடிபி நெறிமுறைக்குத் தெரிந்த கட்டளை ஒன்றே ஒன்று: கெட். இன்ன பக்கத்தைக் கொடு என்று உலாவி கேட்கும், சர்வர் கொடுக்கும், அத்துடன் தொடர்பு அறுந்துவிடும். அடுத்த நொடியே அதே ஆள் திரும்பி வந்தாலும் சர்வருக்கு அவர் புது முகம்தான். ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டிப் படிக்க இந்த மறதி தோதாக இருந்தது. சிக்கல் 1993-ல் தொடங்கியது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. மையம் தன் மொசைக் உலாவியின் இரண்டாம் பதிப்பில் எழுத்துப்பெட்டியையும் தேர்வுக் கட்டத்தையும் அனுப்பும் பட்டனையும் கொண்டுவந்தது. வந்து சேரும் விவரத்தை சர்வரில் ஒரு நிரலிடம் ஒப்படைக்கும் சி.ஜி.ஐ. ஏற்பாடும் அதே மையத்தில், அதே ஆண்டில் உருவானது. விவரத்தைச் சுமந்து செல்ல போஸ்ட் என்ற கட்டளை இருந்தது. வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எழுதவும் தொடங்கினார்கள். எழுதினால் பிழை வரும்.

அந்தக் காலத்தில் பெர்ல் மொழியில் எழுதிய சி.ஜி.ஐ. நிரல்கள் பிழையைச் சொன்ன விதம் முரட்டுத்தனமானது. வெள்ளைத் தாள் போல ஒரு பக்கம் வரும். "மின்னஞ்சல் முகவரி இல்லை. பேக் பட்டனை அழுத்தித் திருத்தவும்" என்று ஒரு வரி. பேக் போனால், உலாவிக்கு மனமிருந்தால், நிரப்பியது அப்படியே இருக்கும். இல்லாவிட்டால் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இந்த வேதனையைக் குறைத்தவர்களில் ஒருவர் மரபணு ஆராய்ச்சிக்காரரான லிங்கன் ஸ்டைன். தன் ஆய்வு வேலைகளுக்கிடையே அவர் எழுதிய சி.ஜி.ஐ.பி.எம். என்ற பெர்ல் தொகுப்பு, படிவத்தை மறுபடி வரையும்போது முன்பு தட்டச்சு செய்ததைத் தானாகவே பெட்டிகளில் இட்டுவிடும். 'ஒட்டிக்கொள்ளும்' படிவம் என்று அதைச் சொல்வார்கள். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் வெளியிட்ட பி.எச்.பி.யும் படிவங்களைச் சுற்றியே வளர்ந்தது. அதன் அடுத்த வடிவமான பி.எச்.பி./எஃப்.ஐ.யில் பின்பாதி எழுத்துகள் குறிப்பதே 'படிவ விளக்கி' என்பதைத்தான். ஒரே கோப்பு படிவத்தைக் காட்டும், பெற்றுக்கொள்ளும், தவறு இருந்தால் சிவப்பெழுத்துடன் மறுபடி காட்டும். பார்க்க எளிமையான ஏற்பாடு. ஆனால் பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே பக்கத்தில் திருப்பி எழுதுவது ஆபத்தானது என்று புரியச் சில ஆண்டுகள் ஆயின. பெயர்ப் பெட்டியில் ஒருவர் நிரல் துண்டு ஒன்றைத் தட்டினால், அது திரும்பி வரும்போது உலாவியில் ஓடத் தொடங்கும். 2000 பிப்ரவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் மையம் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. இத்தகைய தாக்குதலுக்குப் பிழைகாட்டும் பக்கங்கள் தோதான வாசல்களாக இருந்தன.

இதற்கிடையே ஜாவாஸ்கிரிப்ட் வந்துவிட்டது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்து நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். டயல்-அப் மோடம் வழியாகப் படிவம் சர்வருக்குப் போய்த் திரும்புவதற்குள் பொறுமை போய்விடும் காலம் அது. உலாவியிலேயே சோதித்துவிட்டால் அந்தப் பயணம் மிச்சம். சாம்பல் நிற எச்சரிக்கைப் பெட்டி 'டங்' என்ற ஒலியுடன் குதித்து வந்து "ஃபோன் எண் எங்கே?" என்று கேட்ட காட்சி அப்படிப் பிறந்தது. ஆனாலும் சர்வரின் வேலை ஒழியவில்லை. ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிடுபவர்கள் உண்டு, வேண்டுமென்றே சுற்றிப்போகிறவர்களும் உண்டு. ஒரு பயனர்பெயரை வேறொருவர் ஏற்கெனவே எடுத்துவிட்டாரா என்பதும் சர்வருக்கு மட்டுமே தெரியும்.

ரிஃப்ரெஷ் தொல்லை இங்கேதான் முற்றியது. போஸ்ட் கட்டளைக்குப் பதிலாக ஒரு பக்கம் வந்து நிற்கிறது. பயனர் ரிஃப்ரெஷ் செய்கிறார். உலாவி அதே போஸ்டை மறுபடி அனுப்புகிறது. ஒரு புத்தகம் கேட்டவருக்கு இரண்டு. உலாவிகள் "விவரத்தை மறுபடி அனுப்பவா?" என்று கேட்டன, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் "பக்கம் காலாவதியானது" என்று கைவிரித்தது. புத்தகம் வாங்க வந்தவர் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்?

மருந்து கையருகில்தான் இருந்தது. போஸ்டுக்குப் பதிலாகப் பக்கத்தைத் தராமல், "அந்த முகவரிக்குப் போ" என்று சர்வர் திருப்பிவிட்டால் போதும். உலாவி அங்கே கெட் கட்டளையுடன் போகும். அதற்குமேல் எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் கெட் மட்டுமே ஓடும். இந்த ரீடைரக்டின் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. 1996-ல் பதிவான எச்டிடிபி 1.0 விதிப்படி, சர்வரின் பதிலில் 302 என்ற ரீடைரக்ட் எண் வந்தால் போஸ்டைப் பயனரைக் கேட்காமல் தானாக வேறிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, கட்டளையையும் மாற்றக் கூடாது. உலாவிகள் விதியைக் காற்றில் விட்டுவிட்டு போஸ்டை கெட்டாக மாற்றின. அந்த விதிமீறலை நம்பியே இணையதளங்கள் எழுதப்பட்டன. 1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1, உலாவிகள் செய்துகொண்டிருந்த அதே காரியத்துக்கென்று 303 என்ற தனி எண்ணைத் தந்தது. 1999-ல் திருத்தியபோது, கட்டளையை மாற்றாமல் கொண்டுபோக 307 சேர்ந்தது. 302-ன் பழக்கதோஷத்தை விதிப்புத்தகமே ஏற்றுக்கொள்ள 2014 ஆகிவிட்டது. மக்கள் நடந்து நடந்து வழியாகிப்போன ஒற்றையடிப் பாதைக்குப் பட்டா கொடுத்த கதைதான்.

2004 ஆகஸ்டில் மைக்கேல் ஜூராவ்லெவ் 'தி சர்வர்சைடு' தளத்தில் எழுதிய கட்டுரை இந்த உத்திக்கு முறையான வடிவம் தந்தது. போஸ்டுக்குப் பதிலாக ஒருபோதும் பக்கத்தைக் காட்டாதே, பக்கங்கள் எல்லாம் கெட் வழியாகவே வரட்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரீடைரக்டில் போ என்பது அவர் வாதம். போஸ்ட், ரீடைரக்ட், கெட் என்று மூன்று சொற்களில் அது புரோகிராமர்களின் வாயில் நிலைத்தது.

சிக்கல் உடனே தலைகாட்டியது. ரீடைரக்டில் உலாவி இரண்டாம் முறை கதவைத் தட்டுகிறது. மறதிக்கார சர்வருக்கு அது புதிய கோரிக்கை. முதல் கோரிக்கையில் சோதித்துச் சேகரித்த பிழைகள் அந்தக் கோரிக்கையுடனேயே செத்துவிட்டன. அன்று ஜாவா உலகில் கொடிகட்டிப் பறந்த, இணையதளம் கட்டும் தொகுப்பான ஸ்ட்ரட்ஸில் பிழைப்பட்டியல் வழக்கமாகக் கோரிக்கையோடுதான் கட்டிவைக்கப்படும். ரீடைரக்ட் செய்தால் படிவம் திரும்பி வரும், சுத்தமாக. சிவப்பெழுத்து இல்லை, நிரப்பியதும் இல்லை. பழைய பெர்ல் பக்கமாவது முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொன்னது.

சிலர் பிழையை முகவரியிலேயே எழுதி அனுப்பினார்கள். வாலில் கேள்விக்குறி, அதன்பின் பிழை எண். எண்ணோடு நின்றவரை கெடுதல் குறைவு. முழு வாக்கியத்தையே முகவரியில் வைத்த தளங்களும் இருந்தன; அங்கே யார் வேண்டுமானாலும் ஓர் இணைப்பைத் தயாரித்து, நம்பகமான நிறுவனத்தின் பக்கத்தில் தனக்குப் பிடித்த பொய்யைப் படிக்கவைக்கலாம். தவிர, அந்த முகவரியைச் சேமித்துவைத்து ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் அதே பழைய பிழை பல்லிளிக்கும்.

இன்னொரு வழி செஷன். 1994-ல் நெட்ஸ்கேப்பின் லூ மோன்டுல்லி, இணையக் கடையின் கூடை நினைவில் நிற்பதற்காக உருவாக்கிய குக்கீதான் அதன் வேர். உலாவியிடம் ஒரு டோக்கனைக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணுக்கு உரியதை சர்வரில் வைத்துக்கொள்ளலாம். 2000 மே மாதம் வந்த பி.எச்.பி. 4 இதை மொழிக்குள்ளேயே சேர்த்தது. பிழையைச் செஷனில் போட்டுவிட்டு ரீடைரக்ட் செய்தால் அடுத்த பக்கம் எடுத்துக் காட்டும். அப்புறம் அதை யார் அழிப்பது? மறந்துவிட்டால், முகவரியைத் திருத்திவிட்டு நிம்மதியாக வேறு பக்கம் போனவரையும் "முகவரி தவறு" துரத்தும்.

டேவிட் ஹெய்னமெய்யர் ஹான்சன் 2004-ல் வெளியிட்ட, இணையதளம் கட்டும் தொகுப்பான ரூபி ஆன் ரெயில்ஸ் இதற்கு ஒரு பெயரைப் பிரபலமாக்கியது: ஃபிளாஷ். அன்று இணையமெங்கும் ஆடிக்கொண்டிருந்த அசைபட மென்பொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செஷனுக்குள் ஒரு சிறு அறை. அதில் வைத்தது அடுத்த ஒரு கோரிக்கைவரை உயிரோடிருக்கும், பிறகு தானே மறையும். இதே பக்கத்தில் காட்டி முடித்துவிட வேண்டியதற்கு 'ஃபிளாஷ்.நவ்' என்று தனி வாசல். இரண்டையும் குழப்பிக்கொண்டு, செய்தி ஒரு பக்கம் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டு தலையைச் சொறியாத ரெயில்ஸ் புரோகிராமர் அபூர்வம்.

இணையதளம் கட்டும் மற்றத் தொகுப்புகளுக்கும் இந்த யோசனை வேகமாகப் பரவியது. மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி.நெட் எம்.வி.சி. 2009-ல் டெம்ப்டேட்டா என்று கொண்டுவந்தது. 2010 மே மாதம் ஜாங்கோ 1.2 தன் செய்தி ஏற்பாட்டைச் சேர்த்தது. 2011 டிசம்பரில் ஸ்பிரிங் 3.1. ஒவ்வொருவரும் ஒரே கேள்வியில் மோதினார்கள்: செய்தி எப்போது சாக வேண்டும்? அடுத்த கோரிக்கையிலா, யாராவது படித்த பிறகா? ரெயில்ஸ் அடுத்த கோரிக்கை என்றது. நடுவில் பின்னணியில் வேறொரு கோரிக்கை ஓடினால் அது செய்தியை விழுங்கிவிடும். ஜாங்கோ, படிக்கும்வரை வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் முதல் பதிப்பில் ரெயில்ஸ் பக்கம் நின்று, இரண்டாம் பதிப்பில் கட்சி மாறியது. இரண்டு டேப் திறந்து வைத்திருப்பவருக்கோ எந்தக் கட்சியாலும் நிம்மதியில்லை; இந்த டேப்பின் பிழை அந்த டேப்பில் போய் உட்காரும். ஸ்பிரிங் இதற்காக, செய்தி எந்த முகவரிக்குப் போகிறது என்பதையும் குறித்துவைத்தது. 180 விநாடிக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் காலாவதி. தபால்காரர் வாசல் எண்ணைச் சரிபார்த்துக் கடிதம் கொடுப்பதுபோல. இருந்த தீர்வுகளில் அக்கறை மிகுந்தது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஃபிளாஷைப் புகழ்பெறவைத்த ரெயில்ஸ், படிவப் பிழைகளுக்கு அதைச் சார்ந்திருக்கவில்லை. விவரம் சரியாக இருந்தால் ரீடைரக்ட். தவறாக இருந்தால் அதே இடத்தில் படிவத்தை மறுபடி வரைந்துவிடும். தவறான படிவம் எதையும் சேமிப்பதில்லை, ஆகவே ரிஃப்ரெஷ் செய்தாலும் நஷ்டமில்லை என்ற கணக்கு. ஜாங்கோவின் பழக்கமும் இதுவே. இடத்தைச் சிக்கனமாக வைத்துக்கொள்ளவும் இது உதவியது. 2007 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 2.0 முதல் செஷன் முழுவதும் இயல்பாகவே குக்கீக்குள் வைக்கப்பட்டது. குக்கீயின் கொள்ளளவு 4 கேபி. பயனர் எழுதிய நீண்ட பதிலை அதற்குள் திணித்தால் நிரல் கவிழ்ந்துவிடும்.

டெய்லர் ஆட்வெல் 2011-ல் தொடங்கிய லாராவெல் என்ற பி.எச்.பி. தொகுப்பு ஜூராவ்லெவின் பக்கம் சாய்ந்தது. பிழை என்றாலும் ரீடைரக்ட்தான். பிழைகளும் பழைய விவரங்களும் ஃபிளாஷில் கூடவே பயணம் செய்யும். கடவுச்சொல்லை மட்டும் கொண்டுபோகாது. பிழைப்பட்டியல் காலியாக இருந்தாலும் எல்லாப் பக்கங்களிலும் தயாராகக் காத்திருக்கும். படிவத்தை எழுதுகிறவர் "பட்டியல் இருக்கிறதா" என்று கேட்கவே வேண்டாம். பி.எச்.பி. உலகில் அது இவ்வளவு பேரைக் கவர்ந்ததற்கு இத்தகைய சின்னச் சௌகரியங்களும் காரணம்.

செய்தி வந்து சேர்ந்தாலும் கண்ணில் பட வேண்டுமே. புதிய பக்கம் திறக்கும்போது திரை மேலே போய்விடும்; தவறோ கீழே பதினைந்தாவது பெட்டியில். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கும். 2008 டிசம்பரில் வந்த வெப் அணுகல் நெறிகளின் இரண்டாம் பதிப்பு, எந்தப் பெட்டியில் என்ன தவறு என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதை அடிப்படை நிலையிலேயே வைத்தது. வெறும் சிவப்புக் கட்டம் போதாது. பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே தளம் இன்னும் நுணுக்கமாகப் போனது. பக்கத்தின் உச்சியில் "ஒரு சிக்கல் இருக்கிறது" என்ற தலைப்பில் பிழைகளின் சுருக்கம். ஒவ்வொன்றையும் அழுத்தினால் உரிய பெட்டிக்கே போகும். உலாவியின் தலைப்புப் பட்டையும் 'பிழை' என்ற சொல்லுடன் தொடங்கும், திரைவாசிப்பான் முதலில் உச்சரிப்பது அதைத்தான். எச்டிஎம்எல் 5 இலவசமாகத் தரும் உலாவிச் சோதனையை அணைத்துவிடும்படியும் அந்தத் தளத்தின் வடிவமைப்பு வழிகாட்டி சொல்கிறது.

கதை முடிந்தது என்று நினைத்த வேளையில் ரெயில்ஸ் 7 வந்தது, 2021 டிசம்பரில். படிவத்தைப் பின்னணியில் அனுப்பும் டர்போ என்ற தொகுப்பு அதில் இயல்பாகவே இருந்தது. டர்போவின் கறார்: படிவத்துக்குப் பதில் ரீடைரக்டாக இருக்க வேண்டும், அல்லது பிழை எண்ணுடன் வர வேண்டும். பதினேழு ஆண்டுகளாக '200, எல்லாம் நலம்' என்ற எண்ணுடன் பிழைப் படிவத்தை அனுப்பிவந்த நிரல்கள் ஊமையாகின. பட்டனை அழுத்தினால் திரையில் எதுவும் அசையாது. உலாவியின் கன்சோலில் மட்டும் ஒரு சிவப்பு வரி கிடக்கும். மாற்றம் சிறியதுதான்: பிழைப் படிவத்தை 422 என்ற எண்ணுடன் அனுப்ப வேண்டும். கோப்புகளைத் தொலைவிலிருந்து திருத்தும் வெப்டேவ் நெறிமுறைக்காக 1999-ல் உருவான எண் அது. படிவங்களுக்கும் அதற்கும் அன்று ஒரு சம்பந்தமும் இல்லை.

2022 ஜூனில் எச்டிடிபி விதிகளை மறுபடி தொகுத்தபோது 422-ன் ஆங்கிலப் பெயரில் ஒரு சொல்லை மாற்றினார்கள். ரெயில்ஸுக்கு அடியில் இருக்கும் ரேக் என்ற தொகுப்பும் பின்னர் புதுப்பெயருக்கு மாறியது. பழைய பெயரை எழுதிவைத்த நிரல்களுக்கு இப்போது ஓர் எச்சரிக்கை வருகிறது. படிவத்தை நிரப்புகிறவர் கண்ணில் அது படாது. புரோகிராமரின் லாக் கோப்பில் மட்டும் விழும்.