துப்பாக்கியின் எந்தப் பக்கம்?

எங்கள் தெருமுனையில், மணிக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டு ப்ளேஸ்டேஷன் ஆட விடும் கடை ஒன்று இருந்தது. மூன்று டிவி, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே ஒரு ஃபேன். வருகிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் மல்யுத்தமோ கார் ரேஸோ ஆடுவார்கள். நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் மட்டும் ஓரத்து டிவியில் ‘ரெசிடென்ட் ஈவில்’ போடச் சொல்வோம். மெமரி கார்டு கிடையாது. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் முதலிலிருந்துதான். அதே மாளிகை, அதே நீண்ட தாழ்வாரம், ஜன்னலை உடைத்துக்கொண்டு பாயும் அதே நாய். வரும் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் நான் கத்துவேன், அண்ணன் கன்ட்ரோலரைப் பிடுங்குவார், இரண்டு பேரும் சேர்ந்து சாவோம்.

பிறகு எத்தனையோ ஹாரர் படங்கள், கேம்கள் பார்த்தாயிற்று. கிராஃபிக்ஸ் எங்கேயோ போய்விட்டது. அந்த நாய் கொடுத்த பயத்தை மட்டும் பெரும்பாலானவை கொடுக்கவில்லை. வயசாயிடுச்சு, அதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஹாரர் என்று தொடங்கி ஆக்‌ஷனாக முடிந்த ஒரு நீண்ட கதை நடுவில் இருக்கிறது.

அது 1989-ல் ஜப்பானில் தொடங்குகிறது. கியோஷி குரோசவா (அகிரா குரோசவாவுக்கும் இவருக்கும் சொந்தபந்தம் எதுவும் இல்லை) ‘ஸ்வீட் ஹோம்’ என்றொரு பேய்ப்படம் எடுத்தார். இறந்துபோன ஓவியர் ஒருவரின் மாளிகைக்குள் ஐந்து பேர் கொண்ட டிவி குழு நுழைகிறது, அவ்வளவுதான் கதை. அதே வருடம் கேப்காம் நிறுவனம் அந்தப் படத்தை ஃபேமிகாம் கேமாக்கியது. செய்தவர் டோக்குரோ ஃபுஜிவாரா. அதில் ஒரு ஆள் செத்தால் செத்ததுதான், திரும்பி வரமாட்டார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தனிப்பொருள் இருக்கும். ஆள் போனால் அந்தப் பொருளின் வேலையைச் செய்ய மாற்றுப் பொருளைத் தேடிப்பிடிக்க வேண்டும். மிச்சம் இருப்பவர்களை வைத்துச் சமாளிக்க வேண்டும். முடிவுகூட எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

சில வருடங்கள் கழித்து, அதைப்போல இன்னொன்று செய் என்று ஃபுஜிவாரா ஓர் இளைஞரிடம் வேலையைக் கொடுத்தார். பெயர் ஷின்ஜி மிக்காமி. அதற்கு முன்பு அவர் செய்தவை ‘அலாவுதீன்’, ‘கூஃப் ட்ரூப்’ போன்ற டிஸ்னி கேம்கள்! மிக்காமிக்குப் பயப்படுவது பிடிக்காதாம். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன், எது பயமுறுத்தும் என்று அவருக்குத்தான் தெரியும் என்று ஃபுஜிவாரா பின்னாளில் சொன்னார். எனக்கு ரொம்பப் பிடித்த காரணம் இது. பேய்க்கதையைப் பயந்தாங்கொள்ளிகள்தான் சொல்ல வேண்டும்.

1996 மார்ச்சில் ‘பயோஹசார்ட்’ வெளிவந்தது. ஜப்பானுக்கு வெளியே அதன் பெயர் ‘ரெசிடென்ட் ஈவில்’. அந்த ஆட்டத்தில் உங்களிடம் என்னவெல்லாம் இல்லை என்று பாருங்கள். கேமரா உங்கள் கையில் இல்லை, அறையின் ஏதோ ஒரு மூலையில் மாட்டியிருக்கிறது. ப்ளேஸ்டேஷனின் சக்திக்கு மொத்த மாளிகையையும் முப்பரிமாணத்தில் வரைய முடியாது. எனவே பின்னணியை முன்பே தயாரித்த படங்களாக வைத்து, அதன்மேல் ஆட்களை நடக்கவிட்டார்கள். விளைவு, அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கால் இழுபடும் சத்தம் மட்டும் கேட்கும். நடந்துகொண்டே சுட முடியாது. நின்று, குறிபார்த்து, பிறகுதான். கிறிஸ்ஸாக ஆடினால் ஆறு பொருள்தான் சுமக்கலாம், ஜில்லாக ஆடினால் எட்டு. சாவி எடுப்பதா, மூலிகை எடுப்பதா, தோட்டா எடுப்பதா? ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் டைப்ரைட்டர் தேட வேண்டும். அதற்கு மை ரிப்பன் வேண்டும். அந்த ரிப்பனும் எண்ணிக்கைக்கு உட்பட்டது, அதுவும் பையில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். கதவைத் திறந்தால் அது இருட்டில் மெதுவாகத் திறப்பதைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். ‘ஸ்வீட் ஹோம்’ கேமிலேயே இந்தக் கதவு உண்டு. இங்கே டிஸ்க்கிலிருந்து அடுத்த அறை ஏறும்வரை நேரத்தைக் கடத்தவும் அது உதவியது. நமக்கோ அந்தச் சில விநாடிகளில் வயிறு கலங்கும்.

இல்லாமைதான் அந்த விளையாட்டின் மூலப்பொருள். மெமரி கார்டு இல்லாத எங்கள் கடை, தெரியாமலே அந்த இல்லாமையில் இன்னும் ஒரு கைப்பிடி சேர்த்துவிட்டது, அவ்வளவுதான். 1999-ல் வந்த ‘சைலன்ட் ஹில்’ கதையும் இதேதான். தூரத்தில் இருப்பதை வரைய அந்தக் கருவிக்குத் தெம்பு இல்லை. சரி, ஊரையே மூடுபனியால் மூடிவிடுவோம் என்றார்கள். இன்று அந்தப் பனி இல்லாமல் அந்த ஊரை யாராலும் நினைக்க முடியாது.

‘ரெசிடென்ட் ஈவில்’ பிய்த்துக்கொண்டு விற்றது. இரண்டாம் பாகத்துக்கான ஜப்பானிய டிவி விளம்பரத்தை எடுக்க அழைக்கப்பட்டவர் ஜார்ஜ் ரொமேரோ. நாம் இன்று ஜாம்பி என்று நினைக்கும் அந்தத் தள்ளாடும் பிணத்தை சினிமாவுக்குக் கொடுத்தவர் அவர். முழுப்படத்துக்கும் திரைக்கதை எழுதினார். அது ஒதுக்கப்பட்டது. படத்தை 2002-ல் எடுத்தவர் பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன். கேமில் இல்லாத ஆலிஸ் என்ற பாத்திரத்தில் மில்லா யோவோவிச். 2016 வரை ஆறு படங்கள், 100 கோடி டாலருக்கு மேல் வசூல்.

அந்தப் படங்களை விடுதியில் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம், விசிலடித்திருக்கிறோம். பொய் சொல்ல மாட்டேன், ஆலிஸ் சுவரில் ஓடி நாயை உதைக்கும்போது செமயாக இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். என்னைக் கத்தவைத்த அதே நாய் இனம். அதை உதைக்க முடியும் என்றால் பிறகு பயம் எதற்கு? படம் போகப்போக ஆலிஸுக்கு அமானுஷ்ய சக்திகூட வந்துவிடுகிறது. ஜாம்பிகளைப் பார்த்து நமக்குப் பாவமாகிவிடும்.

முதல் படத்தில் நிஜமான ஹாரர் காட்சி ஒன்றே ஒன்று உண்டு. கண்ணாடித் தாழ்வாரத்தில் லேசர் கோடு வரும். பயிற்சி பெற்ற வீரர்கள், கையில் பெரிய பெரிய துப்பாக்கிகள். எதுவும் உதவாது. தளபதி ஒரு கோட்டைத் தாவுகிறார், இன்னொன்றைத் தாண்டுகிறார். கடைசியில் கோடு வலையாக மாறுகிறது. அவர் முகத்தில் ஒரு கணம், ஓ, அவ்வளவுதானா என்ற பாவனை. 2005-ல் வந்த நான்காவது கேம் இந்தத் தாழ்வாரத்தைப் படத்திடமிருந்து வாங்கிக்கொண்டது. அங்கே லியான் மாட்டுகிறான். சரியான நேரத்தில் பட்டனை அழுத்தினால் குட்டிக்கரணம் போட்டு வெளியே வந்துவிடுவான். ஒரே தாழ்வாரம்தான். முதலில் எப்பேர்ப்பட்ட வீரனும் அதில் சாவான், பிறகு யார் வேண்டுமானாலும் தப்பிப்பார்கள்.

நான்காவது கேமைக் குறை சொல்லுவது பாவம், அது அபாரமான ஆட்டம். கேமரா லியானின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. அதற்குப் பிறகு வந்த துப்பாக்கி கேம்களில் பாதி அங்கேதான் கேமராவை நிறுத்தின. நின்றுதான் சுட வேண்டும் என்ற பழைய விதியை மிக்காமி விடவில்லை. ஊர்க்காரர்கள் கோடரியோடு நெருங்க நெருங்கக் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இதே நான்காம் பாகத்துக்காக முதலில் போட்ட வரைவு அதிரடியில் எல்லை மீறிப்போனதால் அதைத் தனியாகப் பிரித்து 2001-லேயே ‘டெவில் மே க்ரை’ என்று வெளியிட்டுவிட்டார்கள். இது ஹாரர் இல்லை என்று சொல்லும் தெளிவு அன்று இருந்தது. 2009-ல் ஐந்தாம் பாகம் வந்தபோது இல்லை. அதில் எரிமலைக்குள் நின்று கிறிஸ் ஒரு பாறாங்கல்லை வெறுங்கையால் குத்திக் குத்தி உருட்டுகிறார். நம்ம ஊர் மாஸ் ஹீரோக்களே கொஞ்சம் யோசிப்பார்கள். 2012-ல் வந்த ஆறாம் பாகத்தில் நடந்துகொண்டே சுடலாம் என்றும் ஆகிவிட்டது. கதை முடிந்தது.

ஆக்‌ஷன் வந்தாலே ஹாரர் செத்துவிடுமா? அப்படியும் இல்லை. ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ (1979) சுத்தமான பயம். ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’ (1986) ராணுவப் படம். ஆனாலும் கேமரூன் கெட்டிக்காரர். வீரர்கள் கூட்டுக்குள் நுழையும் கட்டம் வந்ததும், மேலே அணு உலையின் குளிரூட்டும் அமைப்பு இருக்கிறது, சுடாதீர்கள் என்று சொல்லித் தோட்டாக்களை வாங்கி வைத்துவிடுவார்கள். அப்புறம்தான் தாக்குதல். முதலில் பிடுங்கிக்கொள், பிறகு பயமுறுத்து! ஆனால் அடுத்து வந்தவர்கள் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் துப்பாக்கியைத்தான். ஸ்காட்டின் படத்துக்கு நியாயம் செய்ய 2014-ல் ‘ஏலியன்: ஐசொலேஷன்’ வரவேண்டியிருந்தது. அந்த மிருகத்தைக் கொல்லவே முடியாது, நெருப்பைக் காட்டிக் கொஞ்ச நேரம் விரட்டலாம். சேமிப்பதற்குச் சுவரில் இருக்கும் போனில் அட்டையைச் செருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அது பின்னால் வந்து நிற்கலாம். டைப்ரைட்டரின் தங்கச்சி.

‘ரெசிடென்ட் ஈவில்’ தொடரும் 2017 ஜனவரியில் திருந்தியது. ஏழாம் பாகத்தில் நாயகன் போலீஸும் இல்லை, ராணுவமும் இல்லை. காணாமல்போன மனைவியைத் தேடி லூசியானாவில் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போகிறவன். கூட யாரும் இல்லாமல் ஆடினேன். இரண்டு ராத்திரி லைட் போட்டுத் தூங்கினேன்.

ஐந்தாம் பாகத்துக்குத் திரும்ப வேண்டும். பாறாங்கல் வெறும் காமெடி. அதில் வேறு ஒன்று இருந்தது. கதை நடப்பது ஆப்பிரிக்காவில். 2007-ல் முன்னோட்டம் வந்தபோதே எதிர்ப்பு எழுந்தது. வெள்ளை அமெரிக்கன் ஒருவன், தன்னை நோக்கி வரும் கறுப்பின மக்கள் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே போகிறான். கிறிஸ்ஸுக்குத் துணையாக ஷேவா என்ற ஆப்பிரிக்கப் பெண் வருகிறாள். ஆனாலும் ஆட்டம் நம்மிடம் கேட்கும் வேலை மாறுவதில்லை. அன்று எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. அவங்க ஜாம்பிதானே, இதுல என்ன இனம் என்று நண்பனிடம் சண்டை போட்டேன்.

உறைத்தது ரொமேரோவின் முதல் படத்தைப் பார்த்த பிறகுதான். 1968-ல் வெளிவந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’, பிட்ஸ்பர்க் பக்கத்தில், சுமார் 1,14,000 டாலரில் எடுக்கப்பட்டது. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமை வாசகம் விட்டுப்போனது. அதனால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் ஜாம்பி என்ற சொல் ஒருமுறைகூட வராது. நாயகன் பென்னாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். தேர்வுக்கு வந்தவர்களில் அவர்தான் நன்றாக நடித்தார், எடுத்தோம் என்பது ரொமேரோவின் விளக்கம். படச்சுருளை காரில் வைத்து நியூயார்க்குக்கு ஓட்டிப்போன இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டோம் என்றும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ராத்திரி முழுக்க பென் செய்வது என்ன? வீட்டில் கிடைக்கும் மேசையை, கதவை உடைத்து ஜன்னல்களில் ஆணியடிக்கிறான். ஒரே ஒரு துப்பாக்கியைத் தேடி எடுக்கிறான். நிலவறைக்குள் பதுங்கலாம் என்பவனோடு சண்டை போடுகிறான். எல்லோரும் செத்தபின், அதே நிலவறையில் ஒளிந்து தனியாகப் பிழைக்கிறான். நம் ஓரத்து டிவியில் நடந்ததெல்லாம் இதுதான். இருப்பதை வைத்துச் சமாளிப்பது.

விடிகிறது. வெளியே ஷெரிஃபும் அவருடைய ஆட்களும் வருகிறார்கள். தோளில் துப்பாக்கி, கூடவே நாய்கள், பிளாஸ்கில் காப்பி, சிரிப்புப் பேச்சு. வயலில் தள்ளாடுகிறவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டே நடக்கிறார்கள். படத்தில் முதல்முறையாக யாருக்கும் பயமில்லை. காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று எனக்கே மூச்சு வந்தது. சத்தம் கேட்டு பென் மேலே ஏறி வருகிறான், கையில் அந்தத் துப்பாக்கியோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான். பிணங்கள் துப்பாக்கி பிடிப்பதில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நெற்றியில் ஒரே குண்டு.

அதன்பின் படம் அசைவதில்லை. செய்தித்தாளில் வருவதுபோல் கரகரத்த புகைப்படங்கள். மாமிசக் கொக்கிகளோடு ஆட்கள் வீட்டுக்குள் வருகிறார்கள். பென்னை மற்றப் பிணங்களோடு விறகின்மேல் கிடத்துகிறார்கள். யாரோ தீ வைக்கிறார்கள். அந்த ஆட்களின் முகங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஐந்தாம் பாகத்தை முடித்த இரவு, நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.