கோலா தெர்லா தண்ணீரும் உலக வங்கியின் முதல் கடனும்: கடன் கொடுத்தவர் எதைப் பற்றிக் கவலைப்பட்டார்?

மலாய் மொழியில் 'கோலா' என்றால் ஓர் ஆறு இன்னொன்றோடு சேரும் இடம். கேமரன் மலையில் திரிங்காப்பைத் தாண்டி கம்போங் ராஜா போகிற வழியில் இருக்கும் கோலா தெர்லாவில், தெர்லா ஆறு தெலோம் ஆற்றில் சேர்கிறது. தெலோம் அதன் போக்கில் ஓடினால் ஜெலாய், பஹாங் ஆறுகள் வழியாகக் கிழக்கே தென்சீனக் கடலுக்குத்தான் போகணும். ஆனால், அந்தத் தண்ணீரில் கணிசமான பங்கு அங்கே போவதில்லை. சுரங்கப்பாதை வழியாகத் திருப்பப்பட்டு ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் மலைத்தொடரைக் கடந்து, பேராக் பக்கம் இருக்கும் ஜோர் மின்நிலையத்தில் விழுகிறது. கடைசியில் கலப்பது மலாக்கா நீரிணையில்.

ஆற்றைத் திசைமாற்ற அன்றைய மலாயாவிடம் அவ்வளவு பணம் இல்லை. 1958 மார்ச்சில் நாடு உலக வங்கியில் உறுப்பினரானது. அதே ஆண்டு செப்டம்பரில், இந்த மின்திட்டத்துக்காக 35.6 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் கிடைத்தது. அன்றைய மாற்று மதிப்பில் இது ஏறத்தாழ 109 மில்லியன் மலாயா வெள்ளி. உலக வங்கி இந்த நாட்டுக்குக் கொடுத்த முதல் கடன் இதுதான்.

வளரும் நாடுகளின் பொருளாதாரத் திட்டம், 'கொடையாளர்களின் கவலை' என்றெல்லாம் செய்திகளில் வரும்போது அது ஆப்பிரிக்கா பற்றியது, இலங்கை பற்றியது என்று கடந்துபோய்விடுகிறோம். ஆனால் அந்த வரிசையில் நாமும் நின்றிருக்கிறோம்.

எதற்காக இவ்வளவு மின்சாரம்?

1950களில் மலாயாவின் ஏற்றுமதி வருமானம் பெரும்பாலும் இரண்டே பொருள்களை நம்பியிருந்தது: ரப்பர், ஈயம். கொரியப் போர் நடந்தபோது ரப்பர் விலை எங்கேயோ போனது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதே வேகத்தில் சரிந்தது. அரசாங்கத்தின் பட்ஜெட்டும் தோட்டத் தொழிலாளியின் சம்பளமும் கூடவே ஆடின. போதாக்குறைக்கு அவசரகாலச் செலவு வேறு.

1954இல் உலக வங்கியின் குழு ஒன்று இங்கே வந்து ஆய்வு செய்து, 1955இல் அறிக்கை வெளியிட்டது. பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு அதிக விளைச்சல் தரும் ரகங்களை நடுங்கள், ஒரு மத்திய வங்கி அமையுங்கள், அடிப்படை வசதிகளில் முதலீடு செய்யுங்கள் என்றது அந்த அறிக்கை. இதில் மத்திய வங்கி யோசனைதான் 1959 ஜனவரியில் பேங்க் நெகாராவாக உருவெடுத்தது.

ஈய வயல்களின் கப்பல்கள் மின்சாரத்தை விழுங்கின. கிள்ளான் பள்ளத்தாக்கில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்தன. உள்நாட்டு நிலக்கரியையும் நம்ப முடியவில்லை. பத்து ஆராங் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. மலைமேல் விழும் மழையோ காசில்லாமல் கிடைக்கிற எரிபொருள். இந்தக் கணக்கு தப்பில்லை. 1963இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை முடிந்தது. ஜோர் நிலையத்தின் திறன் 100 மெகாவாட். இந்த ஏற்பாட்டின் ஓரத்தில் கோலா தெர்லாவிலும் ஒரு குட்டி நிலையம் உண்டு. அதன் திறன் அரை மெகாவாட்தான்.

வங்கிக்கு என்ன கவலை?

முதலில் ஒரு சொல் விளக்கம். உலக வங்கி இங்கே 'கொடையாளர்' இல்லை, வட்டிக்குக் கடன் கொடுத்தவர். கடன் வாங்கியது மத்திய மின்சார வாரியம், அதாவது இன்றைய தெனாகா நேஷனலின் பாட்டன். அரசாங்கம் ஜாமீன் நின்றது. கடன் வாங்குவது அரசாங்கமாக இல்லாவிட்டால் அரசாங்க ஜாமீன் கட்டாயம் என்பது வங்கியின் விதி.

அந்தக் காலத்து மின்திட்டக் கடன்களில் வங்கி வழக்கமாகப் பார்த்தவை: மின்கட்டணம் செலவை ஈடுகட்டுமா? வாரியம் அரசியல் தலையீடு இல்லாமல் நடக்குமா? மின்சாரத்தை வாங்க ஆள் இருக்கா? பொறியியல் வேலை உருப்படியா நடக்குமா? சுருக்கமா சொன்னா, போட்ட பணம் திரும்பி வருமா என்பதுதான். வங்கி என்ற வகையில் நியாயமான கேள்விகள். பணமும் திரும்பிப் போனது.

மண் பற்றிய கணக்கும் இருந்தது. ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் மொத்தக் கொள்ளளவு சுமார் 6.3 மில்லியன் கன மீட்டர். அதில் 1.6 மில்லியனை வண்டல் தங்குவதற்கென்றே ஒதுக்கினார்கள். ஆண்டுக்கு 20,000 கன மீட்டர் வண்டல் வந்தால் 80 ஆண்டுக்குத் தாங்கும். காடும் தேயிலையும் மூடிய மலைக்கு அது பொருந்திய கணக்கு. ஆனால், மேலே இருக்கும் நிலத்தை இனி யார், எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

மலை மாறியபோது

தேயிலைச் செடி ஒருமுறை வேர்பிடித்துவிட்டால் பல பத்தாண்டுகள் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். காய்கறி அப்படி இல்லை. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் நிலம் வெறுமையாகக் கிடக்கும். நெகிழிக் கூரைமேல் விழும் மழை மண்ணில் ஊறாமல் நேராகச் சரிவில் ஓடும். கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கம் போனவர்கள் அந்த வெள்ளைக் கூரைகளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பல விவசாயிகளிடம் இருந்தது ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக நில உரிமம். அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் கல்சுவர் கட்டிச் சரிவைக் காப்பாரா? வண்டலுக்கு விவசாயியை மட்டும் குறைசொல்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

விளைவு: ஆண்டுக்கு 20,000 என்று எதிர்பார்த்த வண்டல், பிற்கால மதிப்பீடுகளில் லட்சக்கணக்கான கன மீட்டராக உயர்ந்தது. அணை கட்டி ஐம்பது ஆண்டு ஆகும்போது நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழ பாதி மண்ணாகிவிட்டது. தண்ணீர் தங்க இடம் குறைந்தால் பெருமழை நாளில் மதகைத் திறப்பதைத் தவிர வழி இருக்காது. 2013 அக்டோபர் 23 அதிகாலை அதுதான் நடந்தது. அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் பெர்தாம் பள்ளத்தாக்கில் புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகள் போயின, உயிர்களும் போயின. ஆற்றோர ஆக்கிரமிப்பா, சட்டவிரோத நில அழிப்பா, தண்ணீர் திறந்த முறையா என்று அப்புறம் நெடுநாள் வாதம் நடந்தது.

இப்போ கேள்வி கேட்பது யார்?

கடன் கொடுப்பவர்களின் கவலைப் பட்டியல் பிறகு நீண்டது. சும்மா நீளவில்லை, மக்கள் போராடியதால்தான். இந்தியாவில் நர்மதை அணைக்கு எதிராக எழுந்த போராட்டத்துக்குப் பிறகு, உலக வங்கியே நியமித்த மோர்ஸ் குழு 1992இல் அந்தத் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தது. மறு ஆண்டு, மீதிக் கடனே வேண்டாம் என்று இந்தியா சொல்லிவிட்டது. வேலை மட்டும் நிற்கவில்லை, உள்நாட்டுப் பணத்தில் தொடர்ந்தது. சுற்றுச்சூழல் மதிப்பீட்டை 1989இலேயே உலக வங்கி தன் நடைமுறைக்குள் கொண்டுவந்திருந்தது.

அதற்குள் மலேசியா வளர்ந்துவிட்டது. 1998 நெருக்கடியில் ஐ.எம்.எஃப். கடனையே வேண்டாம் என்றது. பெரிய அணைகளுக்கு வாஷிங்டன் கதவைத் தட்டும் தேவை போய்விட்டது. சரவாக்கின் பாக்குன் அணைக்காகச் சுமார் 10,000 பூர்வகுடி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அந்த அணைக்குக் கடன் கொடுத்தவர்களில் ஊழியர் சேமநிதி வாரியமும் ஒன்று. அதாவது, மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடிக்கிற பணம். கேமரன் மலையின் அடிவாரப் பக்கம் 2016இல் இயங்கத் தொடங்கிய 372 மெகாவாட் உலு ஜெலாய் திட்டமும் நம் நாட்டு நிறுவனமான தெனாகாவுடையதுதான்.

வெளியார் நிபந்தனை இல்லாமல் சொந்தக் காலில் நிற்பது பெருமைதான். அதோடு, வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்ட கேள்விகளை இனி உள்ளேயிருந்தே கேட்கணும். சட்டம் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. 1987இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணை, காட்டை விவசாய நிலமாக்கும் திட்டம் 500 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மதிப்பீடு கேட்டது. கேமரன் மலையில் இரண்டு மூன்று ஹெக்டேராக நூற்றுக்கணக்கான தோட்டங்கள் வந்தாலும் அந்த வரம்பைத் தொடாது. மண் மட்டும் ஒரே ஆற்றில்தான் இறங்கும்.

2015இல் அந்த ஆணை மாற்றி எழுதப்பட்டது. இப்போது அதன் இரண்டாம் அட்டவணையில் வரும் பெரிய திட்டங்களின் மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும். அந்தக் காலத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் கருத்து அனுப்பலாம். பொறியாளராகவோ வழக்கறிஞராகவோ இருக்கத் தேவையில்லை. அறிவிப்புகள் சுற்றுச்சூழல் துறையின் இணையத்தளத்தில் வருகின்றன.