கறுப்புத் திரைக்குப் பின்னால்

2009-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை நான் கொன்றுவிட்டேன். அப்பா அப்படித்தான் நம்பினார். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய மெஷின் அது. அதற்குள் அக்காவின் எம்.ஃபில். ஆய்வேடு இருந்தது. சமர்ப்பிக்க நான்கு நாள்தான் பாக்கி. நான் செய்ததெல்லாம் லினக்ஸில் 'அப்டேட்' பொத்தானை அழுத்தியது மட்டும்தான். திரும்ப ஆன் செய்தபோது வெள்ளை எழுத்துகள் கொஞ்ச நேரம் ஓடின, அப்புறம் திரை கறுத்தது. ஃபேன் சுற்றியது, ஹார்ட் டிஸ்க் முனகியது, கீபோர்டு விளக்கு எரிந்தது. படம் மட்டும் இல்லை.

"உயிர் இருக்கு, கண்ணுதான் தெரியல" என்றாள் அக்கா. அன்றைக்கு அந்த வீட்டில் சரியாக நோய் கண்டறிந்தவள் அவள் ஒருத்திதான்.

கிராஃபிக்ஸ் கார்டை எந்தக் கம்பெனி செய்தது என்பது இங்கே வேண்டாம். நடந்தது இதுதான். அந்தக் கார்டுக்கான டிரைவரைக் கம்பெனி மூடிய பெட்டியாகக் கொடுத்திருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. லினக்ஸின் மையமான கெர்னலோ சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகும், உள்ளமைப்பையும் மாற்றிக்கொள்ளும். திறந்த டிரைவர் என்றால் கெர்னலை மாற்றுகிறவரே அதையும் கையோடு திருத்திவிடுவார். மூடிய டிரைவரை யார் திருத்துவது? கம்பெனிக்கு மனசு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அக்காவால் காத்திருக்க முடியாது.

நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று: கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிறப்புக்கதையே ஒரு டிரைவர் தகராறுதான். 1980 வாக்கில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பிரிண்டரோ வேறொரு மாடியில். பழைய பிரிண்டர் இப்படிச் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி அதன் நிரலை மாற்றி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதற்கு மூல நிரலே தரப்படவில்லை. கார்னகி மெலனில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1983-ல் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது. காகிதம் சிக்கியதில் ஒரு இயக்கமே பிறந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

திரையின் கதைக்கு வருவோம். 1984-ல் அதே எம்.ஐ.டி.யில் எக்ஸ் சாளர முறை தொடங்கியது. அதன் பதினோராவது வடிவம் 1987-ல் வந்தது. லினக்ஸ் மேசைக்கணினிகள் பல இன்னமும் அந்த வடிவத்தை விட்டு முழுசாக வெளியேறவில்லை. சாதாரண இன்டெல் கணினிகளுக்காக அதை மாற்றி எடுத்துவந்தவர்கள் எக்ஸ்ஃப்ரீ86 குழுவினர். 386 என்ற சிப்பின் பெயரிலிருந்த 'த்ரீ'யை 'ஃப்ரீ' ஆக்கிய சிலேடை அது. நம் காளமேகப் புலவருக்குப் பிடித்திருக்கும்.

அந்தக் காலத்தில் படம் வரவேண்டும் என்றால் உங்கள் மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை திரையை வரைகிறது, ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றெல்லாம் கணக்குப் போட்டு ஒரு கோப்பில் கையால் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் மானிட்டரே கெட்டுப்போகலாம் என்று ஆவணங்கள் எச்சரித்தன. குண்டு பல்ப் மாதிரி கண்ணாடி வயிறு தள்ளிய பழைய மானிட்டர்களில் அது வெறும் பயமுறுத்தல் இல்லை.

அப்போதெல்லாம் டிரைவரின் வேலை எளியது. இந்தப் புள்ளிக்கு இந்த நிறம், அவ்வளவுதான். தொண்ணூறுகளின் இறுதியில் முப்பரிமாண விளையாட்டுகள் வந்தபோதுதான் எல்லாம் மாறியது. கார்டு தனியாக ஒரு கணினி ஆகிவிட்டது. அதற்கென்று சொந்த நினைவகம், சொந்தக் கட்டளை மொழி. அந்த மொழியைக் கம்பெனிகள் தொழில் ரகசியம் என்றன. காப்புரிமை வழக்கு பயம், அடுத்தவரிடம் உரிமம் வாங்கிய நிரல் உள்ளே கலந்திருப்பது, போட்டியாளர் எட்டிப்பார்ப்பார் என்ற கவலை. காரணங்கள் முழுப் பொய்யல்ல. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளோடு பேசும் மொழியே வாங்கியவருக்குக் கிடையாது என்பது விசித்திரம்தான்.

2000-ல் என்விடியா தன் மூடிய லினக்ஸ் டிரைவரை வெளியிட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அது வேலை செய்தது, வேகமாகவே செய்தது. கூடவே 'என்வி' என்ற பெயரில் திறந்த டிரைவர் ஒன்றும் இருந்தது. பேருக்குத்தான் திறந்தது. உள்ளே பார்த்தால் பெயரோ விளக்கமோ இல்லாமல் எண்கள் எண்களாக இருக்கும். முப்பரிமாணமும் கிடையாது. கெர்னல்காரர்கள் தங்கள் பக்கத்திலிருந்து ஒரு பதில் வைத்திருந்தார்கள். மூடிய டிரைவர் ஏறிய கெர்னல் தன்மேல் 'கறைபட்டது' என்று ஒரு குறி போட்டுக்கொள்ளும். அந்தக் குறியோடு பிழை என்று வந்தால் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆசாரம் மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஆரம்பத்தில் எரிச்சல் வந்ததுண்டு. பார்க்க முடியாத நிரலில் பிழை தேடச் சொன்னால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று பிற்பாடு புரிந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இனிமேல்தான். ஸ்டெஃபான் மார்ஷெசான் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த 'என்வி' டிரைவரைச் சீர்ப்படுத்த ஆரம்பித்தார். அரட்டையில் 'என்வி' என்று அவர் தட்டியபோது, அவருடைய மென்பொருள் அதைத் திருத்தி 'நூவோ' என்று காட்டியதாம். பிரெஞ்சில் 'புதியது' என்று பொருள். தானியங்கித் திருத்தம் வைத்த பெயர் அப்படியே நிலைத்தது. 2006 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஃபாஸ்டெம் மாநாட்டில் நூவோ திட்டத்தைப் பற்றி வெளியே பேசினார்கள்.

கையில் ஆவணம் ஒரு பக்கம்கூட இல்லை. பிறகு எப்படி எழுதுவது? மூடிய டிரைவரை ஓடவிட்டு ஒட்டுக்கேட்டார்கள். கார்டின் பதிவேடுகளில் இப்போது என்னென்ன எண்கள் இருக்கின்றன என்று முதலில் ஒரு படியெடுப்பு. பிறகு ஒரு சின்ன முக்கோணத்தை வரையச் சொல்வது. மறுபடி படியெடுப்பு. இரண்டுக்கும் நடுவில் எது மாறியதோ அதுதான் முக்கோணத்துக்கான சொல். அடுத்து முக்கோணத்தின் நிறத்தை மட்டும் மாற்றுவது. இப்போது மாறியது நிறத்துக்கான சொல். இதற்கென்று ஒரு சிறு நிரல் செய்து வெளியிட்டார்கள். கார்டு வைத்திருந்த யார் யாரோ அதைத் தங்கள் வீட்டில் ஓட்டி, வந்த எண்களை அனுப்பிவைத்தார்கள். பின்னால் 'எம்எம்ஐஓடிரேஸ்' என்று இன்னொரு கருவி வந்தது. டிரைவர் கார்டின் நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் கெர்னல் குறுக்கே நின்று, என்ன எழுதினாய், என்ன படித்தாய் என்று குறித்துக்கொள்ளும். 2008-ல் அது கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஜேம்ஸ் பிரின்செப் ஞாபகம் வந்தார். 1837-ல் சாஞ்சியின் தூண்களிலும் கிராதிகளிலும் இருந்த குட்டிக் குட்டிக் கல்வெட்டுகள் எல்லாம் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். இத்தனை பேர் ஒரே சொல்லில் முடிக்கிறார்கள் என்றால் இது காணிக்கையாக இருக்க வேண்டும், ஆக அந்தச் சொல் 'தானம்' என்று பிடித்தார். பிராமி எழுத்து திறந்துகொண்டது. திரும்பத் திரும்ப வருவது எது, மாறுவது எது என்று உற்றுப் பார்ப்பதுதான் இரண்டு இடத்திலும் வித்தை. ஒரே வித்தியாசம், அசோகர் காலத்துக் கல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது மாடலில் வரவில்லை.

2010-ல் நூவோ லினக்ஸ் கெர்னலுக்குள் நுழைந்தது, சோதனைப் பகுதியில். 2012-ல் அங்கிருந்து தேறி வெளியே வந்தது. பழைய 'என்வி'யை என்விடியா 2010-லேயே கைவிட்டது.

லினக்ஸின் பக்கம் எல்லாமே உத்தமம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நாட்களில் பல லேப்டாப்களில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கும். சும்மா இருக்கும்போது சிக்கனமானது ஓடும், விளையாடும்போது பெரியது எழும். என்விடியா இதை 'ஆப்டிமஸ்' என்று அழைத்தது. லினக்ஸில் ஆதரவு இல்லை. ஆர்வலர்கள் தாங்களே 'பம்பிள்பீ' என்ற மென்பொருளை எழுதினார்கள். 2011-ல் அதன் நிறுவல் நிரலில், ஒரு பழைய கோப்புறையை அழிக்கும் வரியில், பாதையின் நடுவே ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. ஒரேயொரு தட்டு. விளைவாக அந்தக் கட்டளை 'யூஎஸ்ஆர்' கோப்புறையை மொத்தமாக அழித்தது. கணினியின் முக்கால்வாசி மென்பொருள் குடியிருக்கும் இடம் அது. எழுதியவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார். அந்தத் திருத்தத்தின் கீழே உலகமே வந்து கேலிப்படம் ஒட்டிவிட்டுப் போனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி சம்பளம் கொடுத்துச் செய்திருக்க வேண்டிய வேலையை யாரோ ராத்திரி கண்விழித்துச் செய்தால் அந்த இடைவெளி எங்காவது விழத்தான் செய்யும்.

2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் இந்த ஆப்டிமஸ் பற்றித்தான் லினஸ் டோர்வால்ட்ஸிடம் கேட்டார். அவர் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கேள்வி கேட்டவரின் லேப்டாப் என்ன ஆயிற்று என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி இல்லை. ஏடிஐ-யை 2006-ல் வாங்கிய ஏஎம்டி, அடுத்த ஆண்டே தன் கார்டுகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. பலன் உடனே வரவில்லை. பல வருஷம் அதன் மூடிய டிரைவரும் திறந்த டிரைவரும் மாறி மாறிச் சொதப்பின. 2015-ல் 'ஏஎம்டிஜிபியு' கெர்னலில் சேர்ந்த பிறகுதான் லினக்ஸுக்கு எந்தக் கார்டு வாங்கலாம் என்ற கேள்விக்குச் சட்டென்று ஒரு பதில் கிடைத்தது.

நூவோவுக்கு வந்த அடிதான் கொடுமை. 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல், கார்டுக்குள் ஓடும் சிறு நிரலில் என்விடியாவின் கையொப்பம் இருந்தால்தான் கார்டு ஏற்கும். மொழியைக் கண்டுபிடித்தாலும் இனி பயனில்லை, முத்திரை வேண்டும். கார்டின் வேகத்தைக் கூட்டும் நிரலுக்கு அந்த முத்திரை கிடைக்கவேயில்லை. ஆக நூவோவில் அந்தக் கார்டுகள் கணினி துவங்கும்போது இருக்கிற மந்த வேகத்திலேயே கிடந்தன. எட்டு வருஷ உழைப்பு முதல் கியரில் மாட்டிக்கொண்டது. அந்தக் காலத்திலும் விடாமல் நூவோவைப் பராமரித்தவர்களை நினைத்தால் ஆச்சரியம்தான்.

2022 பிப்ரவரியில் லாப்சஸ் என்ற ஹேக்கர் கும்பல் என்விடியாவுக்குள் புகுந்து தகவல்களைத் திருடியது. டிரைவர்களைத் திறந்துவிடு என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. மே மாதம் என்விடியா தன் லினக்ஸ் கெர்னல் பகுதி நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை, அவ்வளவு பெரிய நிரலை மூன்று மாதத்தில் வழக்கறிஞர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க முடியாது. திறந்ததிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2018-க்குப் பின் வந்த கார்டுகளுக்குள் தனியாக ஒரு சிறு செயலி இருக்கிறது. ரகசியங்களில் பெரும்பகுதி அதன் மூடிய நிரலுக்குள் குடிபோய்விட்டது. வாசலைத் திறந்தார்கள், உள்ளறை பூட்டித்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த வாசல் போதுமானதாக இருந்தது. அதே நிரலின் உதவியோடு 2024-ல் நூவோ புதிய கார்டுகளை முழு வேகத்தில் ஓட்டியது. நூவோவைப் பல ஆண்டு பராமரித்த பென் ஸ்கெக்ஸ் 2023-ல் விலகி, அடுத்த ஆண்டு என்விடியாவிலேயே வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து நூவோவுக்குத் திருத்தங்களை அனுப்பினார்.

அந்த ஞாயிறு ராத்திரி என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. கன்ட்ரோல், ஆல்ட்டோடு ஒரு பொத்தானை அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும் என்று பக்கத்துத் தெரு நண்பன் ஃபோனில் சொன்னான். வந்தது. முதல் வேலையாக ஆய்வேட்டைக் கட்டளை தட்டி பென்டிரைவுக்கு மாற்றினேன். பிறகு அமைப்புக் கோப்பைத் திறந்து, கம்பெனி டிரைவரின் பெயரை அழித்துவிட்டு, எந்தக் கார்டிலும் ஏதோ ஒரு படம் காட்டும் 'வெஸா' என்ற பொது டிரைவரின் பெயரை எழுதினேன். நான்கே எழுத்து. விடிகாலை மூன்றரைக்குப் படம் வந்தது, கொழகொழவென்று, சன்னலை நகர்த்தினால் பட்டை பட்டையாக. அக்கா அதிலேயே உட்கார்ந்து அடிக்குறிப்புகளை முடித்தாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரண்மேல் அந்த மெஷினைப் பார்த்தேன். அந்தக் கார்டுக்கான டிரைவரைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. தூசு தட்டி, இன்றைய லினக்ஸைப் பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். நான் எதையும் தொடவில்லை, திரை தானாகவே சரியான அளவில் வந்தது. திறந்த டிரைவர்தான். எது என்று சொன்னால் கம்பெனி பெயர் தெரிந்துவிடும்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இதுல அவ ஆய்வேடு இன்னும் இருக்காடா?" என்று கேட்டார். இருந்தது.