நோயாளிக்கும் ஒரு பாடசாலை

நவம்பர் 14-ஆம் நாளைக் குழந்தைகள் நாளாகவே நாம் அறிவோம். அதே நாள் இன்சுலினைக் கண்டறிந்தவருள் ஒருவரான பிரெடரிக் பாண்டிங் பிறந்த நாளும் ஆகும். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 1991 முதல் அதனை உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடி வருகின்றன. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் அதனை ஏற்றுக்கொண்டது. அந்த நாளையொட்டிப் புதுச்சேரி நகரில் ஒரு மருத்துவமனையார் நடத்திய நீரிழிவுக் கல்வி நாளுக்கு என் தமக்கையாரை அழைத்துச் சென்றிருந்தேன். அவருக்கு வயது 67. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். "சமைப்பவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று செவிலியர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அக்காவின் மருமகளும் உடன் வந்தாள்.

மேசைமேல் மருந்துப் புட்டிகளைக் காட்டிலும் சமையலறைச் சாமான்களே மிகுதியாக இருந்தன. சோறு அளக்கும் கிண்ணங்கள், ஒரு சிறு தராசு, இட்டலி, வாழைப்பழம், பக்கத்து அடுமனையிலிருந்து வாங்கி வந்த நீண்ட பிரெஞ்சு ரொட்டி ஒன்று. முன்வரிசையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர். இவ்வூரார் 'சொல்தா' என்று அழைப்பார்களே, அவர்களுள் ஒருவர். "சோற்றைக் குறை என்கிறீர்கள், சரி. ரொட்டி சாப்பிடலாம் அல்லவா?" என்று அவர் கேட்டதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. உணவியல் வல்லுநர் சிரிக்கவில்லை. ரொட்டியை நறுக்கித் தராசில் வைத்து, எத்தனை துண்டு ஒரு கிண்ணச் சோற்றுக்கு ஈடாகும் என்று காட்டினார்.

இதே கேள்வி ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸ் நகரில் எழுந்தது என்பதை அம்முதியவர் அறிந்திருக்க நியாயமில்லை. மருத்துவர் தம் நோயாளிக்கு ஆசிரியராக மாறிய வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முன்னர் நோய் அறியப்படாமல் இருந்தது என்று கருத வேண்டா. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம் நாட்டுப் பழைய மருத்துவ நூல்கள் குறித்துள்ளன. பிறவியிலேயே வருவது, தவறான உணவாலும் உடல் பருமனாலும் வருவது என்று சுசுருதர் அதனை இரண்டாகப் பிரித்தும் காட்டினார். இழிதல் என்றால் கீழ்நோக்கி ஓடுதல். நீர் இழிவதால் நீரிழிவு. 'டயாபிட்டிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஊடே பாய்ந்து செல்வது என்பதுதான் பொருள். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகள் ஒரே குறியைப் பார்த்துப் பெயரிட்டிருக்கின்றன! 1776-இல் லிவர்பூல் நகர மருத்துவர் மாத்யூ டாப்சன் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். குருதிநீரும் இனிப்பதைக் கண்டார். அது திராட்சைச் சர்க்கரை, அதாவது குளுக்கோஸ், என்பதை 1815-இல் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல் நிறுவினார். நோய் இன்னதென்று ஒருவாறு தெரிந்துவிட்டது. செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை.

இந்நிலையில் வந்தவர் அப்போலினேர் பூஷார்தா. மருந்தாளராகத் தொடங்கிப் பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் சுகாதாரப் பேராசிரியராக உயர்ந்தவர். மாவுப்பொருள் மிகுந்த உணவை உண்டால் சிறுநீரில் சர்க்கரை ஏறுவதை அவர் கண்டார். ஆனால் ரொட்டியில்லாமல் உண்ணப் பிரெஞ்சுக்காரரால் இயலுமா? சோறில்லாமல் நாம் உண்பது போலத்தான் அது. எனவே கோதுமை மாவைப் பிசைந்து நீரில் அலசி, ஸ்டார்ச்சைப் போக்கிவிட்டு, எஞ்சும் பசைப் புரதமான குளூட்டனைக் கொண்டு ரொட்டி செய்யுமாறு 1841-இலேயே கூறினார். சுவை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1870 செப்டம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டன. அடுத்த ஆண்டு சனவரி வரை நகரில் கடும் உணவுப் பஞ்சம். மக்கள் துன்புற்ற அந்நாட்களில் பூஷார்தாவின் நீரிழிவு நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. சிலருக்கு மறைந்தே போயிற்று. எந்த மருந்தும் செய்யாததைப் பங்கீட்டு உணவு செய்தது. குறைவாக உண்ணுங்கள், உடலால் உழையுங்கள் என்ற அவரது அறிவுரைக்குப் போர் சான்றளித்தது.

உணவுக் கட்டுப்பாட்டை அவருக்கு முன்னரும் பலர் கூறியதுண்டு. நம் கதைக்கு முக்கியமானது வேறொன்று. நோயாளி தம் சிறுநீரைத் தாமே நாள்தோறும் சோதித்து, எந்த உணவு தமக்கு ஆகிறது, எது ஆகவில்லை என்று தாமே அறிய வேண்டும் என்றார் பூஷார்தா. சோதனை மருத்துவரின் உரிமை, கீழ்ப்படிதல் நோயாளியின் கடமை என்றிருந்த காலத்தில் இது துணிவான பேச்சு. 1823 முதல் பிரெஞ்சு மொழியில் மருத்துவப் பள்ளி நடந்த ஊர் புதுச்சேரி. அப்பள்ளியின் வழியில் 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி தோன்றி, 1964-இல் ஜிப்மர் ஆயிற்று. அத்தகைய ஊரிலாவது பூஷார்தாவின் பெயரை நினைவுகூரலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வீட்டிலேயே சோதிப்பது எப்படியிருக்கும் என்பதை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். என் தந்தையாருக்கும் இதே நோய். காலையில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, சோதனைக் குழாயில் 5 மில்லிலிட்டர் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பார். கரைசல் நீலமாகவே இருந்தால் மகிழ்ச்சி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் நிறத்தில் வந்து நின்றால் அன்று காலை வீட்டில் யாரும் உரக்கப் பேசமாட்டோம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பின்னாளில் அதே சோதனையைச் செய்தபோது எனக்கு அந்த அமைதிதான் நினைவுக்கு வந்தது.

சோதிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அதன் பொருளைக் கற்றுக்கொடுக்கவில்லை. "இனிப்பு கூடாது" என்ற இரண்டு சொற்களோடு அனுப்பிவிட்டார்கள். வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் அந்த மருத்துவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அப்பா வெள்ளைச் சர்க்கரையைத் தொடவே இல்லை. கருப்பட்டி நல்லதென்று காப்பியில் கலந்துகொண்டார். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். நீலம் வந்த நாட்களில் கவலையும் படவில்லை. உண்மையில், குருதியில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் குளுக்கோஸ் தாண்டினால்தான் சிறுநீரகம் அதனை வெளியே விடும். வயது ஏறினால் அந்த வரம்பும் உயரக்கூடும். ஆகவே நீலம் என்பது நலம் என்றாகிவிடாது. கால் கட்டைவிரலில் வந்த சிறு கொப்புளம் வலிக்கவில்லை என்பதற்காகவே அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. முடிவில் விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். 1922 சனவரி 11-ஆம் நாள் டொராண்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குக் கணையச் சாறு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அது சரியாகப் பயன்படவில்லை. கோலிப் என்பவர் தூய்மைப்படுத்திய சாற்றை 23-ஆம் நாள் செலுத்தியபோது குருதிச் சர்க்கரை இறங்கியது. பாண்டிங், பெஸ்ட், மக்லியாட், கோலிப் ஆகியோரின் இந்த வெற்றி பலமுறை எழுதப்பட்ட கதைதான். அதன் பின்விளைவு ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்சுலினை நாள் தவறாமல் ஊசிவழி செலுத்த வேண்டும். ஆயுள் முழுதும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்க முடியாது. ஆகவே ஊசியும் மருந்தும் கணக்கும் நோயாளியின் கைக்கே போய்ச் சேர்ந்தன. அளவு குறைந்தால் சர்க்கரை ஏறும். கூடினால் மயக்கம் வரும், உயிருக்கே கேடு வரும். மருத்துவ வரலாற்றில் இத்தனை கூர்மையான கருவி சாதாரணக் குடும்பத்தாரிடம் அதற்குமுன் ஒப்படைக்கப்பட்டதில்லை எனலாம்.

பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜாஸ்லின் இதற்கு ஆயத்தமாகவே இருந்தார். இன்சுலின் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1918-இல், மருத்துவரும் நோயாளியும் ஒன்றாகப் பயன்படுத்துவதற்கென்று ஒரு கையேடு எழுதி வெளியிட்டவர் அவர். நோயாளிகளுக்கு வகுப்பு நடத்தினார். செவிலியரைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பினார். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் மூன்று குதிரைகளாகவும், அவற்றை ஓட்டும் சாரதியாக நோயாளியையும் உருவகித்தார். மருத்துவர் தேரில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அவரிடம் பாஸ்டனில் கண்டு கற்றதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றவர் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எர்னஸ்டோ ரோமா. லிஸ்பனில் இன்சுலின் கிடைத்தது. ஏழைகளால் வாங்க முடியவில்லை. வாங்கிக் கொடுத்தாலும் பயன்படுத்தத் தெரியவில்லை. 1926-இல் அவர் ஏழை நீரிழிவு நோயாளிகளுக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்சுலினை இலவசமாக வழங்குவதும் பாடம் சொல்வதும் அதன் இரு பணிகள். உலகின் முதல் நீரிழிவுச் சங்கம் இதுவே. இலண்டனில் 1934-இல் தோன்றிய சங்கத்தை நிறுவியவர்களோ இருவருமே நோயாளிகள். ஒருவர், இன்சுலினால் உயிர் பிழைத்த மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ், மற்றவர், அறிவியல் கதைகளால் நாம் நன்கறிந்த எச். ஜி. வெல்ஸ்.

சென்னை இராயபுரத்தில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-இல் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவமனை நிறுவினார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி முடிந்ததும் அவ்வாண்டின் நவம்பரில்தான். நோயாளிக்குக் கற்பிப்பது நல்லது என்று பலரும் நம்பினார்கள். அதனை எண்களால் அளந்து காட்டிய பெருமையில் பிற்காலச் சென்னைக்கும் பங்குண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொன்றுக்கு உணவும் நடையும் பற்றித் தொடர்ந்து பயிற்சி. மூன்றாவதற்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காவதற்கு இரண்டும். மூன்றாண்டு முடிவில் முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. பயிற்சி பெற்றவர்களில் 39 பேருக்கும், மாத்திரை உண்டவர்களில் ஏறத்தாழ 40 பேருக்குமே வந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பயனில்லை. அதாவது பாடமும் மாத்திரையும் ஒரே எடை நின்றன. 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் மட்டும் அனுப்பினர். ஈராண்டில் செய்தி பெற்றோரில் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதோரில் 27 பேருக்கும் நோய் தோன்றியது.

இக்கணக்கு புதுச்சேரிக்கு ஏன் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு என்பது நாட்டின் சராசரி. கோவாவில் 26.4; அடுத்தபடியாகப் புதுச்சேரியில் 26.3. நால்வரில் ஒருவர்! எத்தனை மருத்துவமனை கட்டினாலும், அந்த நால்வரில் ஒருவர் எந்தத் தட்டில் எவ்வளவு சோறு போட்டுக்கொள்கிறார் என்பதை மருத்துவர் உடனிருந்து பார்க்க முடியாது.

கல்வி நாளின் பிற்பகலில் சிரிஞ்சுப் பாடம் நடந்தது. நம் நாட்டில் இன்சுலின் புட்டிகள் இரண்டு வலிமைகளில் கிடைக்கின்றன: ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு; 100 அலகு. 40-க்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்குரியது ஆரஞ்சு. "இருபது அலகு போட வேண்டியவர் 40 மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் இருபதாம் கோடு வரை இழுத்தால் எவ்வளவு போகும்?" என்று செவிலியர் கேட்டார். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன், தன் பாட்டியுடன் வந்தவன், எட்டு என்று உடனே சொன்னான். "மாற்றி 100 மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் இழுத்தால்?" சற்றே யோசித்து ஐம்பது என்றான். கூட்டம் திகைத்தது. இருபதுக்குப் பதில் ஐம்பது என்றால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியாகக் கால் சோதனை. ஒரு நைலான் இழையின் நுனியை, அது வளையும் வரை மட்டும், உள்ளங்காலில் பல இடங்களில் வைத்து அழுத்துகிறார்கள். வளையும்போது அதன் அழுத்தம் 10 கிராம். கண்ணை மூடிக்கொண்டு, உணரும்போதெல்லாம் சொல்ல வேண்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். குதிகாலில் "ஆமாம்" என்றார். நடுப்பாதத்தில் "ஆமாம்" என்றார். கட்டைவிரலடியில் இழை வளைந்தது; அக்கா பேசவில்லை. மீண்டும் வளைந்தது. "எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று செவிலியரைக் கேட்டார்.

திரும்பும் வழியில் அக்கா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏன் தம்பி, அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்று கேட்டார். இருந்திருக்கும் என்றேன்.

மணக்குள விநாயகர் கோயிலுக்கு வெறுங்காலோடுதானே போக வேண்டும் என்பது அவருடைய அடுத்த கவலை. கல் சூடேறுமுன் விடியற்காலையில் போய்வரலாம் என்று மருமகள் யோசனை சொன்னாள். தெருவுக்கென்று மெத்தென்ற ரப்பர் அடித்தட்டுள்ள எம்.சி.ஆர். செருப்பு ஒன்றை மறுநாளே வாங்கினோம். பொட்டு வைக்கும் கைக்கண்ணாடி இப்போது இரவில் அக்காவின் கட்டிலருகே இருக்கிறது. அவர் காலை நீட்ட, மருமகள் அதனை உள்ளங்காலுக்குக் கீழே பிடிக்கிறாள். இருவருமாகக் குனிந்து பார்க்கிறார்கள்.